'1984': கோல்ட்ஸ்டைன் அத்தியாயத்தில் சிக்கியவருக்கு

ஆர்வெல்லின் '1984' நாவலில், ஆளும் கட்சியின் எதிரியான கோல்ட்ஸ்டைன் எழுதியதாகச் சொல்லப்படும் புத்தகம் வரும் இடத்தைத் தாண்ட முடியவில்லை, ராத்திரி படித்தால் தூக்கமும் கெடுகிறது, மூடி வைத்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாங்க, இவ்வளவு தூரம் வந்தாச்சு.

இரண்டாம் பாகத்தின் அந்த ஒன்பதாம் அத்தியாயத்தில் நிறைய பேருக்கு மூச்சு வாங்கும். நாயகன் வின்ஸ்டன் வாசிக்க வாசிக்க காதலி ஜூலியாவே தூங்கிப்போகிறாள், அப்புறம் நம்மைச் சொல்லி என்ன! 1949இல் அமெரிக்கப் புத்தகச் சங்கம் ஒன்று இந்தப் பகுதியையும் நாவலின் கடைசியில் வரும் பின்னிணைப்பையும் வெட்டச் சொன்னது. ஆர்வெல் முடியாது என்றுவிட்டார். அவர் செய்தது சரிதான். இருந்தாலும் முதல் வாசிப்பில் நீங்கள் மேலோட்டமாகப் புரட்டினால் கதை அறுந்துபோகாது. கதையில் வரும் மூன்று வல்லரசுகளும் ஜெயிப்பதற்காகச் சண்டை போடவில்லை, உற்பத்தியாவது ஜனங்கள் கைக்குப் போய்ச் சேராமல் அழிக்கத்தான் போர். இது பிடிபட்டால் போதும்.

மூன்றாம் பாகம் பெரும்பாலும் சிறையும் சித்திரவதையும். அதை ராத்திரியில் தொடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை பகலில் உட்கார்ந்து ஒரே மூச்சில் முடியுங்கள்; பாதியில் நிறுத்தினால்தான் அந்தச் சித்திரவதை அறை, அறை எண் 101, மண்டைக்குள் சுற்றும்.

முடித்ததும் பின்னிணைப்பையும் படியுங்கள். கட்சி ஆட்சியை என்றோ முடிந்துபோன சங்கதி போல அது இறந்தகாலத்தில் பேசுகிறது. ஆட்சி கவிழ்ந்ததற்கு அதுவே சாட்சி என்கிறார்கள் சிலர். எனக்கு அரை நம்பிக்கைதான்.