லண்டனில் சின்னக் கழகத்தின் மெட்ச்: ஏஜென்ட் சொல்வதை நம்பலாமா?

கேள்வி: ஜனவரியில் மூன்று வாரம் லண்டன் போக இருக்கிறோம். விசாவுக்கு இனித்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஹரோவில் அக்கா வீடு. இங்கிலாந்தில் ஒரு உதைபந்தாட்டப் போட்டியாவது பார்க்க வேண்டும் என்று 12 வயது மகன் ஒற்றைக் காலில் நிற்கிறான். பிரீமியர் லீக் விலையைக் கேட்டு அந்த ஆசையை விட்டுவிட்டோம். அக்கா வீட்டுப் பக்கம் கீழ்ப்பிரிவுக் கழகம் ஒன்று இருக்கிறதாம். ஆனால் இங்குள்ள ஏஜென்ட், "விசிட் விசாக்காரருக்கு மைதானத்தில் டிக்கெட் தரமாட்டார்கள், உறுப்பினர் அட்டை வேண்டும். ஆளுக்கு 38,000 ரூபா தாருங்கள், நான் எடுத்துத் தருகிறேன். விசாவுக்கும் உதவும்" என்கிறார். 10,000 முன்பணமும் வாங்கிவிட்டார். இது உண்மையா? சிறுவனைக் கூட்டிப் போவது பாதுகாப்பா?
வாசகர், வெள்ளவத்தை

பதில்: விசா வகையைக் கேட்டு டிக்கெட் விற்கும் வழக்கம் இங்கிலாந்துக் கழகங்களிடம் இல்லை. உறுப்பினர் அட்டை என்பது பாதி உண்மை, ஆனால் அந்தப் பாதி உங்களுக்கு உரியதல்ல. விசாவுக்கு உதவும் என்பது முழுப்பொய். விசா அதிகாரி பார்ப்பது வங்கிக் கணக்கு, தொழில், பயணத்தின் நோக்கம், நீங்கள் திரும்பி வருவீர்கள் என்பதற்கான ஆதாரம். மெட்ச் டிக்கெட்டை இணைத்ததால் விண்ணப்பத்துக்கு ஒரு பலமும் சேராது. மறுக்கப்பட்டால் டிக்கெட் காசும் சேர்ந்து போகும். முதலில் விசா கைக்கு வரட்டும், டிக்கெட்டைப் பிறகு பார்க்கலாம்.

அந்தப் பாதி உண்மை இதுதான். மேலே பிரீமியர் லீக்கில் 20 கழகங்கள். அதன் கீழே சம்பியன்ஷிப், லீக் வன், லீக் டூ என்று பிரிவுக்கு 24 வீதம் 72 கழகங்கள். அதற்கும் கீழே நேஷனல் லீக், பிறகு வட்டார லீக்குகள். உறுப்பினராகக் காசு கட்டி, அதற்குப் பிறகும் டிக்கெட்டுக்குக் குலுக்கலில் காத்திருக்கும் கூத்து மேலேயுள்ள பெரிய கழகங்களில் நடப்பது. டிக்கெட் வாங்கும் உரிமைக்கே காசு கேட்கும் அந்த முறைதான் தரகர்களை வளர்த்துவிட்டது. லீக் டூவிலும் நேஷனல் லீக்கிலும் சாதாரண சனிக்கிழமைகளில் இருக்கைகள் பெரும்பாலும் மிஞ்சிக் கிடக்கும். பெரியவருக்கு 20 முதல் 30 பவுண் வரை, நேஷனல் லீக்கில் பெரும்பாலும் கொஞ்சம் குறைவு, சிறுவருக்கு இன்னும் குறைவு. ஒரு பவுண் 400 ரூபாவைச் சுற்றி நிற்கிறது என்று வைத்துக் கணக்குப் பாருங்கள். 38,000 எங்கிருந்து வந்தது என்பதை ஏஜென்ட்தான் சொல்ல வேண்டும்.

இன்னொன்றையும் அவர் சொல்லியிருக்க மாட்டார். இங்கிலாந்தில் உதைபந்தாட்ட டிக்கெட்டைக் கழகத்தின் அனுமதியின்றி விற்பது குற்றம், 1994 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் 166 ஆம் பிரிவின்படி. இசை நிகழ்ச்சி டிக்கெட்டுக்கு அந்தப் பிரிவு பொருந்தாது, உதைபந்தாட்டத்துக்குப் பொருந்தும். குற்றம் விற்பவர் மேல்தான், வாங்கியவர் மேல் இல்லை. ஆனால் அந்த டிக்கெட்டைக் கழகம் செல்லாததாக்கலாம், வாசலில் நிற்கப்போவது நீங்களும் பிள்ளையும்தான். சட்டம் வந்து இத்தனை வருடமாகியும், வெளிநாட்டில் பதிந்துகொண்ட மறுவிற்பனைத் தளங்கள் கூகுளில் விளம்பரம் போட்டு முதல் வரியிலேயே வந்து நிற்கின்றன. தடுக்க வேண்டியவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். ஆகவே தேடும்போது "விளம்பரம்" என்று குறித்த எதையும் தொடாதீர்கள். கழகத்தின் சொந்த இணையத்தளத்துக்குப் போய், அங்கிருக்கும் டிக்கெட் பக்கத்தை மட்டும் திறவுங்கள்.

இடைத்தரகர் தரும் டிக்கெட் பொதுவாக மூன்று வகையில் ஒன்றாக இருக்கும். பருவம் முழுவதற்கும் டிக்கெட் வைத்திருக்கும் ஒருவருடையதை அன்றைக்கு மட்டும் உங்களுக்குத் தருவார்கள். சில வேளை அந்த டிக்கெட் உள்ள போனையே கையில் தந்து, திருப்பித் தரும்வரை பிணை கேட்பார்கள். இரண்டாவது, சிறுவர் அல்லது முதியோர் சலுகை டிக்கெட்டைப் பெரியவருக்கு விற்பது. பல மைதானங்களில் சலுகை டிக்கெட்டை வருடும்போது வாயிலில் வேறு நிற விளக்கு எரியும், பக்கத்தில் நிற்கும் காவலர் உடனே வயதைப் பார்ப்பார். மூன்றாவதுதான் உங்களுக்கு மோசமானது: எதிரணி ஆதரவாளர் பகுதியில் இடம். இங்கே ரேஸ்கோர்ஸில் யார் எந்த அணி, எங்கே உட்கார்ந்தார் என்று ஒருவரும் பார்ப்பதில்லை. அங்கே எதிரணியினருக்குத் தனி வாயில், தனிப் பகுதி, நடுவே காவலர்கள். உள்ளூர் அணிக்குக் கைதட்டும் சிறுவனோடு அந்தப் பக்கம் உட்கார்ந்தால் அன்றைய பொழுது கெட்டுப்போகும்.

டிக்கெட்டை நீங்களே எடுக்கும் விதத்தைச் சொல்கிறேன். கழகத்தின் தளத்தில் உங்கள் பெயரில் ஒரு கணக்குத் திறவுங்கள். முகவரியில் பிரித்தானிய அஞ்சல் குறியீடு இல்லாவிட்டால் சில படிவங்கள் நகராது, அக்காவின் முகவரியைப் போடுங்கள். ஆசனப் படத்தில் உள்ளூர் அணிப் பகுதியில், குடும்பப் பிரிவு இருந்தால் அதில், ஒரு பெரியவர் ஒரு சிறுவர் என்று தெரிவுசெய்யுங்கள். குடும்பப் பிரிவில் பிள்ளை இல்லாமல் பெரியவருக்கு மட்டும் இடம் தரமாட்டார்கள். நின்று பார்க்கும் பகுதி மலிவு, ஆனால் முன்னால் ஆறடி ஆள் நின்றால் 12 வயதுப் பிள்ளைக்கு முதுகுதான் தெரியும். அங்கேதான் இடம் என்றால் நேரத்தோடு போய் முன்வரிசைக் கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள். காசு கட்டியதும் மின்னஞ்சலில் கியூஆர் குறியீடு வரும், அதைத் தாளில் அச்சிட்டும் வைத்திருங்கள். குளிரில் போன் பற்றரி சட்டென்று இறங்கும்.

பலர் விழுவது காசு கட்டும் இடத்தில். இலங்கை வங்கி அட்டையால் கட்டும்போது ஒருமுறைக் கடவுச்சொல் உங்கள் உள்ளூர் இலக்கத்துக்கு வரும். கட்டுநாயக்காவிலேயே சிம்மைக் கழற்றிப் பணப்பைக்குள் வைத்துவிட்டு, ஹரோவில் இருந்துகொண்டு "கார்ட் வேலை செய்யவில்லை" என்று வங்கியைத் திட்டிப் பயனில்லை. அட்டையை வெளிநாட்டுக் கொடுப்பனவுக்குத் திறந்துவிடச் சொல்லி வங்கியிடம் முன்கூட்டியே கேளுங்கள். ஒரே அழைப்பில் முடிய வேண்டிய அந்தக் காரியத்துக்கு ஏன் கிளைக்கு வரச் சொல்கிறார்கள் என்பதற்கு என்னிடமும் பதில் இல்லை. முடியாவிட்டால் அக்காவின் அட்டையால் கட்டுங்கள், டிக்கெட் மட்டும் உங்கள் பெயரில் இருக்கட்டும்.

எந்த மைதானம்? ஹரோவிலிருந்து இரண்டு கழகங்கள் கைக்கெட்டும் தூரம். இரண்டிலும் பெயர் உங்களை ஏமாற்றும். பார்னெட் கழகம் 2013 இலேயே பார்னெட்டை விட்டு வந்துவிட்டது. இப்போதைய த ஹைவ் மைதானம் பாதாள ரயிலின் ஜூபிலி பாதையில் கனன்ஸ் பார்க், குவீன்ஸ்பரி நிலையங்களுக்கு நடுவில் இருக்கிறது. பெயரைப் பார்த்து ஹை பார்னெட் நிலையத்தில் போய் இறங்கினால் மெட்ச் முடியத்தான் வந்து சேருவீர்கள். வீல்ட்ஸ்டோன் கழகமும் அப்படித்தான்: ஹரோ அன்ட் வீல்ட்ஸ்டோன் நிலையத்துக்கும் அதன் மைதானத்துக்கும் சம்பந்தமில்லை, அது ரைஸ்லிப்பில். ஈஸ்ட்ஹாம், இல்ஃபர்ட் பக்கம் உறவுகள் இருந்தால் லேட்டன் ஓரியன்ட் (சென்ட்ரல் பாதையில் லேட்டன் நிலையம், நடை தூரம்) அல்லது டெகன்ஹம் (டிஸ்ட்ரிக்ட் பாதையில் டெகன்ஹம் ஈஸ்ட்). டூட்டிங் பக்கம் என்றால் ஏஎஃப்சி விம்பிள்டன், 2020 முதல் பிளவ் லேனில். கழகங்கள் வருடா வருடம் பிரிவு மாறும், விலையும் சேர்ந்து மாறும். வார இறுதிகளில் பாதாள ரயில் திருத்த வேலைக்காக மூடப்படுவது வழமை, வெள்ளிக்கிழமை இரவே பார்த்துவிடுங்கள்.

ஜனவரியில் ஒரு பெரிய விதிவிலக்கு இருக்கிறது, அதைக் கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள். பல பிரிவுக் கழகங்களும் கலந்து மோதி, தோற்றவர் வெளியேறும் எஃப்.ஏ. கிண்ணத்தின் மூன்றாம் சுற்று வழமையாக ஜனவரியின் முற்பகுதி வார இறுதியில் வரும். பிரீமியர் லீக், சம்பியன்ஷிப் கழகங்கள் அந்தச் சுற்றில்தான் உள்ளே வருகின்றன. குலுக்கலில் ஒரு சின்னக் கழகத்தின் மைதானத்துக்குப் பெரிய கழகம் வருவதாக விழுந்தால், மேலே சொன்ன எதுவும் அன்றைக்குச் செல்லாது. பருவ டிக்கெட்காரருக்கு முதலில், முன்பு வாங்கிய பதிவு உள்ளவருக்கு அடுத்ததாக விற்பார்கள், பொதுவிற்பனை வரை ஒன்றும் மிஞ்சாமல் போகலாம். ஏஜென்ட்கள் கொடிகட்டிப் பறப்பது அந்த நாளில்தான்.

சரி, அந்த வாரம் லீக் மெட்ச் பார்ப்போம் என்றால் அங்கேயும் ஒரு குழி. உங்கள் கழகம் கிண்ணத்தில் இன்னும் இருந்தால், அந்தச் சனிக்கு அட்டவணையில் உள்ள லீக் மெட்ச் வேறொரு செவ்வாய் இரவுக்குத் தள்ளப்படும். உங்கள் கழகம் வெளியேறி, எதிரணி மட்டும் கிண்ணத்தில் இருந்தாலும் அதே கதி. ஆகவே அந்த வார இறுதிக்கு முன்கூட்டியே டிக்கெட் எடுக்க வேண்டாம். டிசம்பரில் இரண்டாம் சுற்று முடிந்ததும் யார் மிச்சம் என்று தெரிந்துவிடும், 2024-25 பருவம் முதல் முதலாம் சுற்றிலிருந்தே, சமனில் முடிந்தாலும் மறுபோட்டிகள் இல்லை. ஜனவரியின் மூன்றாம், நான்காம் சனிக்கிழமைகளைக் குறிவையுங்கள், ஒன்று தவறினால் மற்றது கையில் இருக்க வேண்டும்.

தவறக்கூடும். சின்ன மைதானங்களில் புல்லுக்கு அடியில் சூடாக்கும் குழாய்கள் பொதுவாக இல்லை. இரவில் உறைபனி விழுந்தால் காலையில் நடுவர் வந்து தரையைப் பார்த்து மெட்சை ஒத்திவைப்பார். காலை 10 மணி தொடக்கம் கழகத்தின் சமூக ஊடகப் பக்கத்தைப் பாருங்கள், புறப்படும் முன் இன்னொரு தடவையும் பாருங்கள். ஒத்திவைத்தால் அதே டிக்கெட் புதிய திகதிக்குச் செல்லும் என்பார்கள். மார்ச் மாதச் செவ்வாய் இரவு வெள்ளவத்தையில் இருக்கும் உங்களுக்கு எதற்கு? மின்னஞ்சலில் காசைத் திருப்பிக் கேளுங்கள். ஆட்டம் தொடங்கிய பிறகு இடையில் கைவிட்டால் விதி கழகத்துக்குக் கழகம் வேறு, முழுக்காசும் கிடைப்பது அரிது.

மெட்ச் நாளில்: சனி பிற்பகல் 3 மணி, அதாவது நமக்கு இரவு 8.30. 2 மணிக்கே உள்ளே போய்விடுங்கள். (பிரீமியர் லீக்கின் 3 மணி ஆட்டங்களைக் கொழும்பில் தொலைக்காட்சியில் பார்க்கலாம், லண்டனில் பார்க்க முடியாது. சனி 2.45 முதல் 5.15 வரை அங்கே நேரடி ஒளிபரப்புக்குத் தடை. அக்கா வீட்டில் ரிமோட்டைத் தட்டித் தேட வேண்டாம்.) ஜனவரியில் நாலரை மணியளவில் பொழுது பட்டுவிடும், இரண்டாம் பாதியில் இருட்டும் குளிரும். நுவரெலியாவுக்குக் கொண்டுபோகும் சுவெட்டர் இதற்குக் காணாது. உள்ளே ஒட்டிய வெப்ப உடை, மேலே காற்றும் நீரும் புகாத கோட், இரண்டு சோடிக் காலுறை, தொப்பி, கையுறை. கொங்கிரீட் தரை காலிலிருந்து சூட்டை இழுத்துவிடும், மகனின் சப்பாத்து தடித்த அடியுள்ளதாக இருக்கட்டும். குடையை வாயிலில் வாங்கிவைக்கக்கூடும். கொண்டுபோகும் பை ஏ4 தாளைவிடப் பெரிதாக இருந்தாலும் சிக்கல் வரலாம். உள்ளே பல இடங்களில் காசு எடுப்பதில்லை, அட்டை தேவை.

சாப்பாட்டில் கவனம். குளிருக்கு எல்லோரும் கையில் வைத்திருக்கும் போவ்ரில் என்பது மாட்டிறைச்சிச் சாறு. ஸ்டேக் பை (மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்டது) என்பதும் மாடுதான், சிப்ஸுக்கு ஊற்றும் கிரேவியும் பெரும்பாலும் அப்படியே. பால்டி பை என்றால் கோழிக்கறி, நம் நாக்குக்கு அதுதான் சரிவரும். சைவம் என்றால் சீஸ் அன்ட் அனியன் பை இருக்கிறதா என்று கேளுங்கள்.

பாதுகாப்பு பற்றி: குடும்பப் பிரிவில் பயப்பட ஒன்றுமில்லை. கெட்ட வார்த்தை காதில் விழும், அதைத் தடுக்க முடியாது. எதிரணியின் நிறத்தில் உடுத்திப் போகாதீர்கள். புறக்கோட்டையில் வாங்கிய மன்செஸ்டர் யுனைட்டட் ஜேர்சியும் வீட்டிலேயே இருக்கட்டும், அடிக்க மாட்டார்கள், நக்கலடிப்பார்கள். வேலி இடுப்பளவுதான் இருக்கிறது என்று செல்பிக்காக ஆடுகளத்துக்குள் கால் வைக்க வேண்டாம். 1991 ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம், விசிட் விசாவில் இருப்பவருக்கு வேண்டாத வேலை.

முன்பணம் 10,000: ஏஜென்டிடம் வாய்ப்பேச்சு வேண்டாம், வட்ஸ்அப்பில் நாலே நாலு கேள்வி அனுப்புங்கள். எந்தத் திகதி மெட்ச், எந்த ஸ்டாண்ட், எந்த வரிசை இலக்கம், டிக்கெட் யார் பெயரில்? ஜனவரி டிக்கெட் பெரும்பாலும் இன்னும் விற்பனைக்கே வந்திருக்காது, அவரால் பதில் தர முடியாது. பதில் வராவிட்டால் அதே உரையாடலில் காசைத் திருப்பிக் கேட்டு, பற்றுச்சீட்டின் படத்தையும் இணையுங்கள். "விமான டிக்கெட்டில் கழித்துவிடுகிறேன்" என்று சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம். எந்தக் கட்டணத்தில் கழித்தார், எந்தக் கட்டணத்தைக் கூட்டினார் என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது.