பிக்கப்பின் முன்பக்கத்தைத் தூக்குவதற்கு முன்: கேள்வி-பதில்

கேள்வி: பத்து வருடம் ஓடிய ஃபோர் வீல் டிரைவ் பிக்கப் வைத்திருக்கிறேன். முன்பக்கம், காயில் ஸ்பிரிங்கின் நடுவே ஷாக் அப்சர்பர் நிற்கும் வகை. விடுமுறை நாட்களில் கல்லும் குழியுமான பாதைகளில் ஓட்டுவேன். கொஞ்சம் வேகமாகக் குழியில் இறங்கினால் ‘டங்’ என்று அடிக்கிறது. ‘ஸ்பேசர் வாங்கி 2 அங்குலம் தூக்கிவிடு, சரியாகிவிடும்’ என்கிறார்கள் நண்பர்கள். முழு கிட் வாங்கும் அளவுக்குப் பணம் இல்லை. எதில் தொடங்கலாம்?

பதில்: ஸ்பேசர் வாங்கினால் வண்டி உயரும். ‘டங்’ அப்படியே இருக்கும், சில வண்டிகளில் கூடவும் செய்யும். அதற்கான காரணத்துக்குப் போவதற்கு முன்னால், காசே செலவாகாத இரண்டு வேலைகள் இருக்கின்றன.

முதலில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கீழ் ஆர்ம் மேலே வந்து முட்டும் இடத்தில் ரப்பர் பம்ப் ஸ்டாப் இருக்கும். அதன் நுனியில் கொஞ்சம் களிமண்ணை ஒட்டிவிட்டு, வழக்கமாகப் போகும் பாதையில் ஒரு நடை போய்வாருங்கள். களிமண் தட்டையாக நசுங்கியிருந்தால், சஸ்பென்ஷன் முழுதாக அமுங்கி அடிவாங்குகிறது. நசுங்கவே இல்லை என்றால் தேய்ந்த உதிரிபாகம் எதுவோ சத்தம் போடுகிறது, அல்லது சக்கரம் தொங்கும்போது ஷாக் தன் முழு நீளத்துக்கு இழுபட்டு உள்ளுக்குள் முட்டுகிறது.

அப்புறம் ஆட்டிப் பார்க்க வேண்டும். கீழ் ஆர்முக்கு அடியில் ஜாக்கி கொடுத்துச் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்குங்கள். ஸ்டாண்ட் வைக்காமல் வண்டிக்கு அடியில் போகாதீர்கள். கடிகாரத்தில் 12, 6 இருக்கும் இடங்களில் டயரைப் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தால் பால் ஜாயிண்ட் (ஆர்மின் நுனியில் உள்ள மூட்டு) அல்லது வீல் பேரிங். 3, 9 இருக்கும் இடங்களில் தெரிந்தால் பெரும்பாலும் டை ராட் எண்ட் (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் மூட்டு). ஆர்ம் வண்டியோடு சேரும் இடத்துப் புஷ்களில் ரப்பர் வெடித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பத்து வருட வண்டியில் இவற்றில் ஒன்றாவது போயிருக்கும் என்பது என் ஊகம். அதைச் சரிசெய்யாமல் புது ஷாக் போடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான்.

சரி, ஸ்பேசருக்கு வருவோம். ஷாக்கின் தலைக்கு மேல் வைத்து முடுக்கும் வட்டத் துண்டு அது. ஷாக்கின் அடிப்பக்கம் கீழ் ஆர்மின் நடுவாக்கில் எங்கோ மாட்டியிருக்கிறது, சக்கரம் ஆர்மின் நுனியில் இருக்கிறது. அதனால் ஷாக் 6 செ.மீ. அமுங்கினால் சக்கரம் 10 செ.மீ. ஏறும் என்பது போல ஒரு விகிதம் வண்டிக்கு வண்டி இருக்கும். இந்த விகிதத்தில் 30 மி.மீ. ஸ்பேசர் வண்டியை 50 மி.மீ., அதாவது சுமார் 2 அங்குலம் தூக்கிவிடும். மலிவு என்று சொல்வது இதனால்தான்.

ஆனால் உள்ளே இருப்பது அதே ஸ்பிரிங், அதே ஷாக். சக்கரம் மேலும் கீழும் போகும் தூரத்தை மெக்கானிக்குகள் ‘டிராவல்’ என்பார்கள். அது ஒரு மில்லிமீட்டர்கூடக் கூடவில்லை, மொத்தமாகக் கீழ்நோக்கி நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். ஸ்பேசரோடு சேர்த்து ஷாக் நீளமாகிவிட்டதால், ஆர்ம் போய் பம்ப் ஸ்டாப்பைத் தொடுவதற்கு முன்பே ஷாக் உள்ளுக்குள் முழுதாக அமுங்கி முட்டலாம். ரப்பர் வாங்க வேண்டிய அடியை ஷாக்கின் பிஸ்டன் வாங்கும். எதிர்ப்பக்கம், சக்கரம் முழுதாகத் தொங்கும்போது தயாரிப்பாளர் நினைத்ததைவிடக் கீழே போகும். அங்கே ஆக்சிலின் சிவி ஜாயிண்ட் (சக்கரத்துக்குச் சுழற்சியைக் கடத்தும் மூட்டு) அதிகக் கோணத்தில் மடங்கும், அதன் ரப்பர் பூட் உரசிக் கிழியும், பால் ஜாயிண்ட் தன் எல்லையில் இறுகும், சில வண்டிகளில் மேல் ஆர்ம் காயிலில் இடிக்கும். தட்டையான சாலையில் வண்டி கம்பீரமாக நிற்பதற்கு ஸ்பேசர் போதும். நீங்கள் கேட்டது அதுவல்லவே.

இதே விலையில் இன்னொரு வகை உண்டு: ஸ்பிரிங்குக்கும் அதன் தட்டுக்கும் நடுவே உள்ளே வைப்பது. இதில் ஷாக்கின் முழு நீளம் மாறாது, அதனால் சிவி ஜாயிண்ட் தப்பிக்கும். அமுங்கும் இடம் கூடும், ஆனால் தொங்கும் இடம் அதே அளவுக்குக் குறையும். ஒவ்வொரு மேட்டைத் தாண்டும்போதும் ஷாக் முழு நீளத்துக்கு இழுபட்டு முட்டும் ஒரு ‘டக்’ கேட்கும்.

பணத்தை நான் எங்கே போடுவேன்? ஷாக்கில். ஸ்பிரிங் வண்டியின் எடையைத் தாங்குகிறது. ஆடுவதை அடக்குவதும், குழியில் விழும் வேகத்தை உறிஞ்சுவதும் ஷாக்கின் வேலை. உறிஞ்சியது எல்லாம் எண்ணெயில் சூடாக மாறும். வண்டியோடு வந்த ட்வின் ட்யூப் ஷாக்கில் எண்ணெய் இரட்டைக் குழாய்க்குள் இருப்பதால் சூடு வெளியேறுவது மெது. கரடுமுரடான பாதையில் தொடர்ந்து ஓடினால் எண்ணெய் நுரைக்கும், வண்டி படகு மாதிரி ஆடத் தொடங்கும். மோனோ ட்யூப்பில் ஒரே குழாய். எண்ணெயையும் அழுத்தமான நைட்ரஜனையும் ஒரு மிதக்கும் பிஸ்டன் பிரித்து வைக்கும். நுரைப்பது குறைவு, சூடு நேராக வெளியே போகும். ஆனால் வெளிக்குழாயில் கல் பட்டு நசுங்கினால் மோனோ ட்யூப் அங்கேயே படுத்துவிடும். ட்வின் ட்யூப் சின்ன நெளிவைத் தாங்கிக்கொள்ளும். உங்கள் ஓட்டத்துக்கு நல்ல மோனோ ட்யூப் போதும். தனியாக எண்ணெய்ப் புட்டி தொங்கும் ரிசர்வாயர் வகை, மணிக்கணக்கில் வேகமாக அடித்துக்கொண்டு போகிறவர்களுக்கு. மெதுவாகக் கல் ஏறுகிறவருக்கு அது நகை.

கடையில் ‘நைட்ரஜன்’ என்று பெரிய எழுத்தில் ஸ்டிக்கர் இருந்தால் அசந்துவிடாதீர்கள். சாதாரண ட்வின் ட்யூப்பிலும் குறைந்த அழுத்தத்தில் நைட்ரஜன் அடைத்து வருகிறது. கேட்க வேண்டியவை வேறு: முழுதாக இழுத்தால் நீளம் எவ்வளவு, அமுக்கினால் எவ்வளவு? சீல் போனால் பிரித்துப் புதுப்பிக்கலாமா, அதற்கான சீல் செட் தனியாகக் கிடைக்குமா? ஒரு பக்கம் வளைந்துவிட்டால் ஒன்றை மட்டும் வாங்க முடியுமா? விற்பவர் நீளத்தைச் சொல்லத் திணறினால் அடுத்த கடைக்குப் போங்கள்.

ஸ்பிரிங்கை எடையைப் பார்த்து வாங்க வேண்டும், ஆசையைப் பார்த்து அல்ல. முன் சக்கரங்களை மட்டும் எடை மேடையில் ஏற்றி நிறுத்துப் பாருங்கள். சக்கரத்தில் உணரப்படும் விறைப்பு, ஸ்பிரிங்கின் விறைப்பை, ஸ்பேசர் கணக்கில் சொன்ன ஷாக்-சக்கர விகிதத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் வருவது. விகிதம் 0.6 என்றால் வர்க்கம் 0.36. மில்லிமீட்டருக்கு 100 நியூட்டன் ஸ்பிரிங், சக்கரத்தில் 36 நியூட்டன்தான். முன் ஆக்சிலில் 80 கிலோ கூடினால் பக்கத்துக்கு 40 கிலோ, அதாவது சுமார் 400 நியூட்டன். வண்டி 11 மி.மீ. இறங்கும். இரும்பு பம்பரும் வின்ச்சும் ஆக்சிலுக்கு முன்னால் துருத்திக்கொண்டிருப்பதால் அவற்றின் சொந்த எடையைவிட ஆக்சிலில் விழும் பாரம் அதிகம், ஆக இன்னும் கொஞ்சம் இறங்கும். அதற்கென்று உள்ள ஸ்பிரிங் அவற்றை மாட்டியவருக்கு. வெறும் வண்டிக்கு அதைப் போட்டால் சிறு கல்கூட முதுகெலும்பில் தெரியும்.

ஷாக்குக்கு அடுத்து பம்ப் ஸ்டாப். கடினமான ரப்பருக்குப் பதில், நுண்ணறைகள் கொண்ட பாலியூரித்தேன் நுரையில் வருபவை படிப்படியாக அமுங்கும். செலவு குறைவு, மாற்றுவது அரை மணி வேலை. உங்கள் களிமண் நசுங்கியிருந்தால் இதைத்தான் முதலில் வாங்கச் சொல்வேன்.

புது மேல் ஆர்ம் எல்லாருக்கும் தேவையில்லை. வண்டியைத் தூக்கும்போது காஸ்டர் (ஸ்டியரிங் அச்சு பின்னோக்கிச் சாயும் கோணம்) குறையும், ஸ்டியரிங் தானாக நேர்க்கோட்டுக்குத் திரும்பும் குணம் மங்கும். 1 அங்குலம் போலத் தூக்கினால் இருக்கும் அட்ஜஸ்ட்மென்ட்டுக்குள்ளேயே அலைன்மென்ட் கடையில் சரிசெய்துவிடலாம் என்பது பல வண்டிகளில் உண்மை. 2 அங்குலத்தைத் தாண்டும்போது காஸ்டர் கிடைக்காமல் போனால் அப்போது வாங்கிக்கொள்ளலாம். எப்படியானாலும் தூக்கிய அன்றே அலைன்மென்ட் செய்யுங்கள், தள்ளிப்போட்டால் டயர் தேய்ந்துவிடும். ஹெட்லைட்டையும் கொஞ்சம் கீழே இறக்குங்கள்.

மாட்டும்போது ஒன்று. ஆர்ம் புஷ் போல்ட்டுகளைக் கடைசி முறுக்கு முறுக்குவது வண்டி தன் சக்கரங்களில் நின்ற பிறகுதான். என் வண்டிக்கு வேலை பார்த்தவர், சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே எல்லாவற்றையும் இறுக்கிவிட்டார். வண்டி இறங்கியதும் புஷ் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே மாட்டிக்கொண்டது. சில மாதங்களில் புதுப் புஷ் நான்கும் கிழிந்தன. அவர் ரப்பரைத் திட்டினார், நானும் அப்போது நம்பினேன். இன்னொன்று: ஷாக்கிலிருந்து காயிலைக் கழற்றும் வேலையை வீட்டில் செய்யாதீர்கள். அமுங்கிய ஸ்பிரிங் கையை விட்டுத் தெறித்தால் ஆளையே கொல்லும். ஷாக்கை ஸ்பிரிங்கோடு சேர்த்தே கழற்றி எடுத்துப்போய், ஸ்பிரிங் மாற்றுவதை மட்டும், ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் சரியான கம்ப்ரசர் உள்ள பட்டறையில் செய்துகொள்ளுங்கள். கூலி மிச்சமாகும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. சாலையில் 35 பிஎஸ்ஐ வைக்கும் டயரை, கரடான பாதையில் மெதுவாகப் போகும்போது 22-25க்கு இறக்கிப் பாருங்கள். அடியில் ஒரு பகுதி டயரிலேயே அடங்கிவிடும். சாலைக்குத் திரும்பியதும் காற்றடிக்க ஒரு சின்னக் கம்ப்ரசர் மட்டும் வேண்டும். மறந்துபோய் அந்தக் காற்றோடு வேகமாக ஓட்டினால் டயர் சூடேறி வெடிக்கலாம்.

கேள்வி: என் வண்டி பழையது, முன்னால் டார்ஷன் பார் (காயிலுக்குப் பதில் முறுங்கிப் பாரம் தாங்கும் கம்பி). போல்ட்டைத் திருகினாலே உயரும், செலவே இல்லை என்கிறார்களே?

பதில்: உயரும். இசுசு டி-மேக்ஸின் முதல் தலைமுறை போன்ற வண்டிகளில் இது எல்லாரும் செய்கிற வேலை. திருகுவதால் கம்பி விறைக்காது, அதன் தொடக்க நிலைதான் மாறுகிறது. ஆனாலும் ஓட்டினால் கட்டை வண்டி மாதிரி இருக்கும். ஏனென்றால் சக்கரம் தொங்குவதற்கு இடம் தீர்ந்துபோய், மேல் ஆர்ம் எப்போதும் தொங்கல் ஸ்டாப்பை ஒட்டியே நிற்கிறது. நிற்கும் வண்டியில் மேல் ஆர்முக்கும் அந்த ஸ்டாப்புக்கும் நடுவே தாராளமாக இடைவெளி இருக்கும்படி 25 மி.மீ. போலத் தூக்கி நிறுத்திக்கொள்ளுங்கள். திருகும் முன் சக்கரத்தைத் தூக்கிப் பாரத்தை எடுத்துவிடுங்கள், மரைக்கு எண்ணெய் விடுங்கள், எத்தனை சுற்று என்று எழுதிவையுங்கள். உயரத்தை வீல் நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளக்க வேண்டும். தரையிலிருந்து அளந்தால் டயரின் காற்றும் கணக்கில் வந்துவிடும். இதற்கும் அலைன்மென்ட் உண்டு, ஆக ‘செலவே இல்லை’ என்பது சரியல்ல.

கேள்வி: பழைய காயில்ஓவர் (காயிலும் ஷாக்கும் சேர்ந்தது) ஒரு ஜோடி பாதி விலைக்கு வருகிறது. வாங்கலாமா? கூடவே, வெல்டிங் செய்து நீளமாக்கிய கீழ் ஆர்மும் தருகிறார்.

பதில்: காயில்ஓவரை வாங்கலாம். ஷாக்கின் ராடில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். குழிப்புள்ளி தட்டுப்பட்டால் புது சீலும் நிற்காது. எண்ணெய்க் கசிவு மட்டும்தான் என்றால் புதுப்பிக்கும் செலவைக் கேட்டு விலையில் கழியுங்கள். அது உங்கள் வண்டியின் மாடலுக்கே வந்ததா, ஸ்பிரிங்கில் என்ன எண் அடித்திருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

ஆர்மைத் தொடாதீர்கள். இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதே அதுதான்.

கேள்வி: தூக்கிவிட்டால் வண்டியின் அடி எதிலும் தட்டாதுதானே?

பதில்: முன்பக்கம் ஓரளவு. டிஃபரன்ஷியல் ஃபிரேமோடு சேர்ந்து இருப்பதால் உயரும், ஆர்மின் வெளி நுனிகள் உயராது. பின்னால் முழு ஆக்சில் என்றால் அதன் உருண்டையை உயர்த்துவது டயர் ஒன்றுதான். விட்டம் 50 மி.மீ. கூடினால் 25 மி.மீ. கிடைக்கும். வாங்குவதற்கு முன் ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பி, டயர் ஃபெண்டரில் உரசுமா என்று பார்த்துவிடுங்கள்.