மொரட்டோரியம் முடிந்தது: இஎம்ஐயை ஏற்றுவதா, தவணையை நீட்டுவதா?

கேள்வி (2020 செப்டம்பர்): கோவையில் ஒரு தனியார் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். வயது 43, ஓய்வு 58-ல். 2017-ல் ஒரு வங்கியில் எம்சிஎல்ஆர் வட்டியில் (வங்கி தன் நிதிச் செலவை வைத்துத் தானே நிர்ணயிக்கும் வட்டி) வீட்டுக் கடன் வாங்கினோம். மனைவியும் இணைக் கடன்தாரர். இந்த மார்ச் தொடக்கத்தில் பாக்கி 20 லட்சம் ரூபாய், வட்டி 8.5%, மீதித் தவணை 180, இஎம்ஐ 19,695 ரூபாய். ஊரடங்கில் என் சம்பளம் 46,000-லிருந்து 37,000 ஆகிவிட்டது. தனியார் பள்ளி ஆசிரியையான மனைவிக்கு 14,000 வந்த இடத்தில் 6,000 வருகிறது. கொரோனாவுக்காக ரிசர்வ் வங்கி அனுமதித்த மொரட்டோரியத்தை (தவணையைத் தள்ளிவைக்கும் சலுகை) ஆறு மாதமும் எடுத்தோம். இப்போது, 'இஎம்ஐ 20,899 ஆகட்டுமா, 197 மாதம் கட்டுகிறீர்களா?' என்று வங்கி கேட்கிறது. எஃப்.டி.யில் 1.5 லட்சமும் சீட்டு எடுத்த பணம் 1 லட்சமும் இருக்கின்றன. மொத்தத்தையும் கடனில் கட்டிவிடலாமா? மனைவியின் 12 சவரனை விற்கச் சொல்கிறார் மைத்துனர்; பி.எஃப்.பை எடுக்கச் சொல்கிறார்கள் நண்பர்கள். பத்தாம் வகுப்பு மகள், ஆறாம் வகுப்பு மகன், 71 வயது அப்பா எங்களோடு இருக்கிறார்கள்.

பதில்: வங்கி கேட்ட இரண்டில் எதற்கும் இப்போதே சரி சொல்லாதீர்கள். இரண்டுமே 8.5% வட்டி அப்படியே தொடரும் என்று வைத்துப் போட்ட கணக்கு. உங்கள் வீட்டின் உண்மையான ஓட்டை அந்த வட்டியில்தான் இருக்கிறது.

முதலில் மொரட்டோரியம் என்ன செய்தது என்று பார்ப்போம். மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணைதான் நின்றது, வட்டி நிற்கவில்லை. 20,00,000 ரூபாய் பாக்கி ஆறு மாதத்தில் 20,86,519 ஆகியிருக்கிறது. ஏறிய 86,519-ல் நேர்வட்டி மட்டும் 85,000. வட்டிக்கு வட்டி 1,519 ரூபாய்தான். 2020-ல் உச்ச நீதிமன்றத்தில் நடந்த வழக்கு முக்கியமாக இந்த வட்டிக்கு வட்டியைப் பற்றியது. தீர்ப்பு உங்களுக்குச் சாதகமாகவே வந்தாலும் உங்கள் கணக்கில் அது ஏறத்தாழ ஒரு மாத மளிகையைக்கூட ஈடு செய்யாது. அதற்காகக் காத்திருக்காதீர்கள்.

பெரிய செலவு கடைசியில் வந்து உட்காருகிறது. இஎம்ஐயை மாற்றாமல் விட்டால் 197 மாதம் ஆகும். ஒழுங்காகக் கட்டியிருந்தால் செப்டம்பரில் 174 தவணைதான் மீதி இருந்திருக்கும். நீங்கள் தள்ளிவைத்த ஆறையும் கழித்துப் பார்த்தால், கூடுதலாக 16-க்கும் மேற்பட்ட தவணைகள், சுமார் 3.28 லட்சம் ரூபாய். 86,519 எப்படி இவ்வளவு பெரிதாகிறது? செப்டம்பர் மாத 19,695-ல் 14,780 ரூபாய் வட்டிக்கே போய்விடுகிறது; அசலில் கழிவது 4,915 மட்டும். மார்ச்சில் கட்டியிருந்தால் 5,528 கழிந்திருக்கும். மாதாமாதம் இந்தச் சிறு குறைவு சேர்ந்து சேர்ந்துதான் வாலை நீட்டுகிறது.

இனி வட்டிக்கு வருகிறேன். ரிசர்வ் வங்கி 2020 மார்ச் 27-ல் ரெப்போ விகிதத்தை (வங்கிகளுக்குத் தான் தரும் கடனுக்கான வட்டி) 5.15-லிருந்து 4.40% ஆகவும், மே 22-ல் 4% ஆகவும் குறைத்தது. 2019 அக்டோபர் முதல் தேதிக்குப் பிறகு வங்கிகள் தரும் மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு கட்டப்பட்டவை. மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது வட்டி திருத்தப்பட வேண்டும். உங்களுடையது 2017 கடன். எம்சிஎல்ஆரில் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒருமுறைதான் வட்டி மாறும். உங்கள் ரீசெட் தேதி (வட்டி திருத்தும் நாள்) மார்ச் மாதமாக இருந்தால், குறைப்புகள் வருமுன்பே இந்த ஆண்டின் வாய்ப்பு கடந்துவிட்டது. 2021 மார்ச் வரை 8.5%தான். கடன் ஒப்பந்தத்தில் அந்தத் தேதி இருக்கும், இன்றே எடுத்துப் பாருங்கள்.

ஆகவே கிளைக்கு எழுத்துப்பூர்வமாக ஒரு விண்ணப்பம் கொடுங்கள்: எம்சிஎல்ஆரிலிருந்து ரெப்போ சார்ந்த வட்டிக்கு மாற்ற வேண்டும், இஎம்ஐ 19,695 ஆகவே இருக்க வேண்டும். மாற்றுக் கட்டணமும் அதன் மேல் 18% ஜிஎஸ்டியும் கேட்பார்கள். தொகையை முதலிலேயே கேட்டு வாங்குங்கள். துணை ஒப்பந்தத்தில் இணைக் கடன்தாரரும் கையெழுத்துப் போட வேண்டும். கிளைக்கு இரண்டு முறை அலையாமல் மனைவியோடு சேர்ந்தே போய்விடுங்கள். உங்கள் வங்கி மறுத்தால் வேறு வங்கிக்குக் கடனை மாற்றலாம். ஆனால் அங்கே சம்பளச் சான்று கேட்பார்கள். குறைந்த சம்பளத்தோடு இப்போது போவது உங்களுக்குச் சாதகமல்ல. அதனால் உள்ளேயே மாற்றுவதற்கு முழு முயற்சி செய்யுங்கள்.

7.25% கிடைத்தது என்று வைத்துக் கணக்குப் போட்டேன். அதே 19,695 ரூபாயில் 170 மாதத்தில் கடன் முடிகிறது. 197-லிருந்து 27 மாதம் குறைகிறது, 5.3 லட்சம் மிச்சம். செப்டம்பர் நிலுவையிலிருந்து இப்படி மாற்றினால் முதல் தவணையிலேயே அசலுக்கு 7,089 ரூபாய் போகும். மொரட்டோரியம் எடுக்காமல் 8.5%-லேயே இருந்திருந்தால்கூட மீதி 174 மாதம். 170 மாதமென்றால் உங்களுக்கு 57 வயதில் கடன் தீரும். 197 மாதமென்றால் ஓய்வுக்குப் பிறகும் ஒன்றரை ஆண்டு கட்ட வேண்டியிருக்கும்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. வட்டி குறைந்ததும் சில கிளைகளில் தவணைக் காலத்தை அப்படியே வைத்துவிட்டு இஎம்ஐயைக் குறைத்துவிடுவார்கள். கையில் மாதம் கொஞ்சம் மிஞ்சுவதுபோல் தெரியும், மிச்சமாக வேண்டிய லட்சங்கள் கரைந்துவிடும். மாற்றம் முடிந்ததும் புதிய தவணை அட்டவணை வாங்கி, கடைசித் தவணை எந்த மாதம் என்று மட்டுமாவது சரிபாருங்கள்.

கையிலிருக்கும் இரண்டரை லட்சத்தை முழுவதும் கட்ட வேண்டாம். இப்போது உங்கள் வீட்டு வருமானம் 43,000. இஎம்ஐ போக மீதி 23,305. வீட்டுச் செலவு 22,000 என்று கொண்டால், இஎம்ஐயும் சேர்த்து மாதம் 41,700 ரூபாய் தேவை. வருமானம் நின்றுபோனால் எஃப்.டி.யில் உள்ள 1.5 லட்சம் மூன்றரை மாதத்துக்குத்தான் வரும். உங்கள் வேலைக்கு ஏதாவது ஆனாலும், அப்பாவுக்கு ஆஸ்பத்திரி செலவு வந்தாலும் முதலில் கை வைக்க வேண்டியது அதில்தான். 2020-ல் வந்த கொரோனா கவச் பாலிசி (கொரோனா சிகிச்சைக்கான காப்பீடு) 65 வயது வரை உள்ளவர்களுக்குத்தான் தரப்பட்டது. அப்பாவுக்கு அது கிடைக்காது. அந்த எஃப்.டி.யைத் தொடவே கூடாது.

சீட்டுப் பணம் ஒரு லட்சத்தில் 50,000-ஐ, வட்டி மாற்றம் முடிந்த பிறகு, கடனில் கட்டுங்கள். 170 மாதம் 163 ஆகும். மீதி 50,000 சேமிப்புக் கணக்கில் இருக்கட்டும். மாற்றுக் கட்டணமும் அதிலிருந்துதான் போக வேண்டும். காரணம் பள்ளி. சென்னை உயர் நீதிமன்றம் 2020-ல், தனியார் பள்ளிகள் கல்விக் கட்டணத்தில் முதலில் 40%-ம், பள்ளி திறந்த பிறகு 35%-ம் வாங்கலாம் என்றது. பள்ளி திறந்ததும் இரண்டு பிள்ளைகளுக்கும் அந்தப் பணம் தேவைப்படும். ஆன்லைன் வகுப்புக்கு மகளுக்குத் தனி போன் வேண்டியிருக்கலாம். பத்தாம் வகுப்பில் அதைத் தள்ளிப்போடக் கூடாது. மனைவியின் சம்பளம் பழைய நிலைக்கு வந்ததும் இன்னொரு 36,500 கட்டினால் மேலும் சுமார் ஐந்து மாதம் குறையும். ஆறு மாதம் தாமதித்துக் கட்டுவதால் 7.25%-ல் இழப்பது சுமார் 1,320 ரூபாய். மனநிம்மதிக்கு அது பெரிய விலை அல்ல.

மாறும் வட்டி வீட்டுக் கடனில் தனிநபரிடம் முன்கூட்டிக் கட்டியதற்கு அபராதம் வாங்கக் கூடாது. ஆனால் பணத்தைக் கடன் கணக்கில் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்தால் அது முன்பணத் தவணையாகக் கிடக்கும் அபாயம் உண்டு. 'இது பகுதி முன்கட்டணம். அசலில் கழித்து, இஎம்ஐ மாறாமல் தவணைக் காலத்தைக் குறைக்கவும்' என்று கடிதமோ மின்னஞ்சலோ கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

நகையை விற்க வேண்டாம். இந்த 2020 செப்டம்பரில் சவரன் நாற்பதாயிரத்தை ஒட்டி இருப்பதால் மைத்துனர் சொல்வது ஈர்ப்பாகத் தெரியும். விற்கும்போது செய்கூலியும் சேதாரமும் திரும்ப வராது. அந்த 12 சவரன் உங்கள் இரண்டாவது அரண். அவசரம் வந்தால் வங்கியில் அடகு வைக்கலாம். 2020 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி, 2021 மார்ச் வரை நகை மதிப்பில் 90% வரை கடன் தர அனுமதித்தது, ஆனாலும் பாதிக்கு மேல் வாங்காதீர்கள். பி.எஃப்.பையும் தொடாதீர்கள்: 2019-20-க்கு அறிவித்த வட்டி 8.5%, வரி இல்லை. 7.25% கடனை அடைக்க அதை எடுப்பது நஷ்டம்.

சிறிய விஷயம் ஒன்று, வீட்டில் எல்லாரும் இருக்கும் இந்த மாதங்களுக்கு. தமிழ்நாட்டின் 2020 கட்டணப்படி, இரண்டு மாத மின்கணக்கில் 500 யூனிட்டுக்குள் நின்றால் 1,130 ரூபாய். ஒரு யூனிட் தாண்டினால் 1,786. கணக்கெடுப்புக்கு ஒரு வாரம் முன்பு மீட்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு இப்போது கட்டாத வேன் கட்டணத்தைத் தனியே ஆர்.டி.யில் போட்டு வையுங்கள்.

கடைசியாக செப்டம்பர் தவணை. மொரட்டோரியத்தில் கட்டாதது சிபில் அறிக்கையில் (உங்கள் கடன் வரலாற்றுப் பதிவு) தவறாகப் பதியாது, இனிக் கட்டாதது பதியும். தவணைத் தேதிக்கு மூன்று நாள் முன்பே கணக்கில் 19,695 இருக்கட்டும். வருமானம் இன்னும் சரிந்து அதுவே முடியவில்லை என்றால், தவணை தவறுவதற்கு முன் மறுசீரமைப்புக்கு விண்ணப்பியுங்கள். 2020 ஆகஸ்ட் 6-ல் ரிசர்வ் வங்கி அறிவித்த திட்டத்தில் கடன் காலத்தை அதிகபட்சம் இரண்டு ஆண்டு நீட்டலாம், 2020 டிசம்பர் 31-க்குள் அதைத் தொடங்கியிருக்க வேண்டும். 'மறுசீரமைக்கப்பட்டது' என்று கடன் அறிக்கையில் அது தெரியும், அடுத்த கடன் கேட்கும்போது இடறும். வேறு வழியே இல்லாதபோது மட்டும் அந்தக் கதவைத் தட்டுங்கள்.