டெக்காலில் தெரிவது எந்த வெள்ளை?

கேள்வி: பல்லடம் பக்கம் நாங்கள் ஐந்து நண்பர்கள் ஞாயிறுதோறும் ஒரு மொட்டைமாடிக் கொட்டகையில் கூடி, 1/72 அளவில் (அசலில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு) போர் விமான மாடல்கள் செய்கிறோம். விமானப்படையிலிருந்து மிக்-21 விடைபெற்றதும் ஆளுக்கொரு மிக் எடுத்தோம். ஆடியில் பெயின்ட் அடித்த மூன்றிலும் டெக்கால் (நீரில் நனைத்து ஒட்டும் சின்னங்கள், எண்கள்) காய்ந்தபின் அதன் அடியில் வெள்ளி போல மினுங்குகிறது. ஐப்பசியில் முடித்த இரண்டிலும் கடைசி வார்னிஷ், பால் ஊற்றியதுபோல் வெளுத்துவிட்டது. ஒருவர் டெக்கால் மட்டம் என்கிறார். இன்னொருவர் பெயின்ட்டை இளக்கும் தின்னர் போலி என்கிறார். எது சரி? அடுத்ததாக, சூலூரில் மறுபடி உயிர்பெற்ற விமானப்படையின் 18-ஆம் ஸ்குவாட்ரனை நினைத்து, அது 1971 போரில் ஓட்டிய நாட் (Gnat) விமானம் செய்ய ஆசை. ஏர்ஃபிக்ஸ் நிறுவனத்தின் மாடல் பெட்டி போதுமா, அண்ணா?

பதில்: டெக்கால், தின்னர் இரண்டின் மீதும் போட்ட வழக்கை முதலில் தள்ளுபடி செய்துவிடுங்கள். கடிதத்தில் மாதத்தைக் குறிப்பிட்டு எழுதினீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. ஆடியில் வந்த வெள்ளை காற்று கொடுத்தது. ஐப்பசியில் வந்தது ஈரம் கொடுத்தது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரிவதால் ஒரே மருந்தைத் தேடி ஐந்து பேரும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

ஆடியிலிருந்து தொடங்குவோம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று உங்கள் ஊர்ப்பக்கம் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொல்லி வைத்த ஊரில், காற்றழுத்தத்தால் பெயின்ட்டைத் தூவும் ஏர்பிரஷிலிருந்து கிளம்பும் பெயின்ட் துளி என்ன பாடுபடும்? முனையிலிருந்து இறக்கைக்குப் போய்ச் சேரும் முன்பே அது பாதி காய்ந்துவிடுகிறது. ஈரமாக விழுந்து பரவ வேண்டியது, மாவுபோலப் போய் உட்காருகிறது. பார்த்தால் நல்ல மேட் (பளபளப்பில்லாத) பூச்சு என்றுதான் தோன்றும். நகத்தை லேசாக ஓட்டிப் பாருங்கள், சரசரவென்று இருக்கும்.

டெக்காலில் அச்சைத் தாங்கும் படலம் மிக மெல்லியது. ஆனாலும் அந்த மேடுகளின் உச்சியில்தான் அது படுக்கிறது, பள்ளங்களுக்குள் இறங்குவதில்லை. பள்ளத்தில் காற்று சிக்கிக்கொள்கிறது. அந்தக் காற்றில் ஒளி பட்டுச் சிதறுவதைத்தான் வெள்ளி மினுக்கம் என்று பார்க்கிறீர்கள். ஆக, அந்தக் கோளாறு டெக்கால் ஒட்டிய அன்று வந்ததில்லை. பெயின்ட் அடித்த அன்றே வந்துவிட்டது.

அதனால் பெயின்ட்டைத் திருத்துங்கள். 0.3 மில்லிமீட்டர் முனை என்றால் 15 முதல் 20 பிஎஸ்ஐ அழுத்தம் போதும். பெயின்ட் பால் பதத்துக்கு இளக வேண்டும். கிண்ணத்தின் ஓரத்தில் சாய்த்தால் மெல்லிய திரையாக வழிய வேண்டும். மாடலுக்கும் முனைக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி. தூரத்திலிருந்து அடித்தால் பாதுகாப்பு என்று நினைத்துப் பலர் ஒரு சாண் தள்ளி நிற்கிறார்கள். மாவு விழுவதற்கு அதைவிட நல்ல வழி கிடையாது. அக்ரிலிக் பெயின்ட் என்றால் ஆடியில் சில துளி ரிடார்டர் சேருங்கள், காய்வது தாமதமாகும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தக் கொட்டகையை விட்டுக் கீழே ஓர் அறைக்கு இறங்குங்கள். காற்று எழும்பும் முன், விடிகாலையில் அடியுங்கள். ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஐந்து பேரையும் எழுப்புவது உங்கள் சாமர்த்தியம்.

உங்கள் ஊரில் இன்னொரு வில்லங்கம் பஞ்சு. விசைத்தறி ஓடும் தெருவில் பளபளப்பான பூச்சு அடிப்பவரைக் கோயில் கட்டித்தான் கும்பிட வேண்டும். மிக்-21-க்கு வெள்ளி உலோக நிறம் தேர்ந்தெடுத்திருந்தால் கேட்கவே வேண்டாம்: கறுப்புப் பளபளப்பு அடிப்பூச்சின்மேல் ஒரு இழை விழுந்தாலும் அது இறக்கையில் கயிறு கட்டியதுபோலத் தெரியும். அடிக்கும் முன் தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்குங்கள் (இது ஆடிக்கு மட்டும், ஐப்பசியில் செய்தால் என்ன ஆகும் என்று பின்னால் சொல்கிறேன்). அடித்து முடித்ததும் ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து மூடிவிடுங்கள். பருத்திச் சட்டை போட்டுக்கொண்டு அடிக்காதீர்கள். திருப்பூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லச் சங்கடமாகத்தான் இருக்கிறது.

பூச்சு ஏற்கெனவே சரசரப்பாகிவிட்டதா? கலங்க வேண்டாம். 3000 எண் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, அழுத்தாமல் இரண்டு முறை ஓட்டினால் மேடுகள் தணியும். உலோக நிறத்தில் மட்டும் இந்த வேலை வேண்டாம், நிறமே போய்விடும். அதன்பிறகு எந்த நிறமாக இருந்தாலும், டெக்காலுக்கு முன் ஒரு பளபளப்பு (gloss) வார்னிஷ் பூச்சு கட்டாயம். பள்ளங்களை நிரப்புவது அதுதான். ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். முடிவில் மேட் வார்னிஷ் அடித்தால் இந்தப் பளபளப்பு மறைந்துவிடும் என்பதால், போர் விமானம் பொம்மைபோலப் பளிச்சிடுமே என்ற கவலை வேண்டாம்.

ஒட்டும்போது தண்ணீரைக் கவனியுங்கள். இதை யாரும் சொல்வதில்லை. சிறுவாணி தண்ணீர் வரும் வீட்டுக்காரருக்கு வராத கறை, ஆழ்குழாய்க் கிணற்று உப்புத் தண்ணீர் வீட்டுக்காரருக்கு வரும். தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு அங்கேயே தங்கி டெக்கால் ஓரத்தில் வெள்ளைக் கோடு போடும். பல வருடங்கள் அந்தக் கோட்டை மினுக்கம் என்றே நினைத்து ஊசியும் கையுமாக உட்கார்ந்திருந்தவன் நான். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு பாட்டில் வாங்கினால் ஒரு வருடத்து டெக்காலுக்குக் காணும். வெதுவெதுப்பான நீரில் பத்துப் பதினைந்து விநாடி முக்கி எடுத்து, ஒரு துணிமேல் ஒரு நிமிடம் வையுங்கள். நீரிலேயே மிதக்கவிட்டால் பின்பக்கப் பசை கரைந்து போய்விடும்.

பிறகு மைக்ரோ செட் போன்ற, டெக்கால் படிய உதவும் திரவத்தை ஒட்டும் இடத்தில் தடவி, டெக்காலை நழுவவிட்டு, நடுவிலிருந்து ஓரமாக ஈரப் பஞ்சுக் குச்சியால் ஒற்றி நீரை வெளியேற்றுங்கள். மேலே மைக்ரோ சால் போன்ற மென்மையாக்கி ஒரு பூச்சு. ஐந்து நிமிடத்தில் டெக்கால் சுருங்கி, கோணிப்பைபோல ஆகிவிடும், வயிற்றைக் கலக்கும். அப்போது தொடாதீர்கள். தொட்டால் கிழியும், விட்டால் தானே படிந்து, தகடுகளின் இணைப்புக் கோடுகளுக்குள்ளும் இறங்கும். மறுநாள் ஈரத்துணியால் துடைத்துப் பசை மிச்சத்தை எடுத்துவிடுங்கள். அதை விட்டுவைத்தாலும் பின்னால் கறையாகும்.

மினுங்கிக்கொண்டிருக்கும் அந்த மூன்று மிக்குகளையும் தூக்கி எறிய வேண்டியதில்லை. மேலே வார்னிஷ் அடிக்காதிருந்தால், புதிய பிளேடின் முனையால் மினுங்கும் இடத்தில் மட்டும் நுண்ணிய துளைகள் குத்தி, மென்மையாக்கியைத் தடவுங்கள். திரவம் துளை வழியே இறங்கும், காற்று வெளியேறும். இரண்டு மூன்று முறை, இடையில் ஓர் இரவு விட்டு. வார்னிஷ் அடித்துவிட்டிருந்தால் பலன் பாதிதான். அந்த மாடலை அலமாரியில் சற்று உயரமாக வைத்துவிடுங்கள்.

இனி ஐப்பசி. நம் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. ஐஸ் போட்ட மோர்ச் சொம்பின் வெளிப்புறம் வியர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். வேகமாகக் காயும் லாக்கர் வகை வார்னிஷிலும் அதேதான் நடக்கிறது. அதன் கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது அடியில் இருக்கும் பரப்பைக் குளிர்விக்கிறது. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அந்தக் குளிர்ந்த பரப்பில் நீர் படிந்து, காயும் வார்னிஷுக்குள் மாட்டிக்கொள்கிறது. மழை நாளில் தரையில் வேறு தண்ணீர் தெளித்தால் அது நாமே அழைத்து வந்த விருந்தாளி. தின்னர் அசலோ போலியோ, வேகமாகக் காயும் தின்னர் எல்லாமே இந்த வேலையைக் காட்டும்.

ஈரப்பதம் காட்டும் சிறிய கருவி ஒன்றை ஐவரும் சேர்ந்து வாங்கிச் சுவரில் மாட்டுங்கள். 70 சதவீதத்துக்கு மேல் காட்டினால் அன்று லாக்கர் வேண்டாம்; பாகங்களைத் தேய்க்கிற வேலை, விமானி அறைக்குத் தூரிகையால் நிறம் தீட்டுகிற வேலை எவ்வளவோ இருக்கிறது. அவசரம் என்றால், ரிடார்டர் கலந்த மெதுவான தின்னரைப் பயன்படுத்துங்கள். மிஸ்டர் கலர் லெவலிங் தின்னர் அந்த வகை. வெளுத்துப்போன இரண்டு மாடல்களுக்கும் அதுவே மருந்து: வெயில் காயும் ஒரு நாளில் அந்தத் தின்னரை மட்டும், பனிபோல ஒரே ஒரு பூச்சு அடியுங்கள். வார்னிஷ் மீண்டும் இளகி, உள்ளே இருந்த ஈரத்தை விட்டுவிட்டுத் தெளியும். கொஞ்சம் கூடினாலும் கீழே இருக்கும் டெக்கால் கரைந்துவிடும், கை நிதானம் வேண்டும். எனக்குத் தெளிந்திருக்கிறது, ஒரு ஹண்டர் விமானத்தின் வால் எண்ணையும் கரைத்திருக்கிறேன்.

கம்ப்ரஸரையும் ஒருமுறை பாருங்கள். கோவை வட்டாரத்தில் கம்ப்ரஸருக்குப் பஞ்சமில்லை என்பதால் நம்மில் பலர் பட்டறையில் ஓடிய பழையதைக் கொண்டுவந்து வைத்திருப்போம். அதன் தொட்டியில் நீர் தேங்கும், எண்ணெயும் வரும். ஒவ்வொரு முறையும் அடித்திருகைத் திறந்து வடித்துவிடுங்கள். நீரையும் எண்ணெயையும் பிடிக்கும் வடிகட்டி இல்லாமல் குழாயை மாட்டாதீர்கள்.

வெளுத்தது மேட் வார்னிஷ்தான், அதுவும் மூலைமுடுக்குகளில் மட்டும் பொடி படிந்ததுபோல இருக்கிறது என்றால், குற்றவாளி ஈரமாக இருக்காது. மேட் ஆக்கும் பொடி பாட்டிலின் அடியில் தங்கியிருக்கும். நன்றாகக் கலக்காமல் கடைசிச் சொட்டை அடித்தவருக்கு அது கிடைக்கும். விமானி அறைக் கண்ணாடியின் உட்புறம் புகைபடிந்ததுபோல் வெளுத்தால் அது சூப்பர் குளுவின் ஆவி. கண்ணாடியை ஒட்ட வெள்ளைப் பசை, அதாவது நம் ஃபெவிகால் வகையே போதும்.

தின்னர் விஷயத்தில் ஒன்று. ஹார்டுவேர் கடை என்.சி. தின்னரை ஏர்பிரஷ் கழுவ மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மாடலில் பட்டால் பிளாஸ்டிக் உருகும். ஐந்து பேர் ஓர் அறையில் கதவடைத்து லாக்கர் அடிப்பது தலைவலியோடு நிற்காது. வெளியே தள்ளும் விசிறி, கரைப்பான் ஆவியைப் பிடிக்கும் கார்ட்ரிட்ஜ் முகமூடி இரண்டும் வேண்டும்; துணி முகமூடி ஆவியைத் தடுக்காது. அதே அறையில் அடுப்போ சாமி விளக்கோ எரியக்கூடாது.

ஐவராகச் செய்வதில் இருக்கும் பெரிய வசதியை நீங்கள் இன்னும் பயன்படுத்தவில்லை. முன்பெல்லாம் வெள்ளை பிளாஸ்டிக் கரண்டியில் பெயின்ட் அடித்துச் சோதிப்போம். 2022 ஜூலை 1 முதல் அந்தக் கரண்டிக்கு நாடு முழுதும் தடை. பரவாயில்லை, ஒவ்வொரு பெட்டியிலும் பயன்படாத ஏவுகணை, எரிபொருள் டேங்க் மிஞ்சும். ஐவரும் ஒரே ஞாயிறன்று ஐந்து டேங்குகளில் அவரவர் கலவையை அடித்து, பெயின்ட், தின்னர் அளவு, அழுத்தம், அன்றைய ஈரப்பதம் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதுங்கள். அடுத்த ஆடியில் யார் சொல்வது சரி என்று நோட்டைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம். ஒருவருடைய பூச்சுமேல் மற்றவர் அடிப்பதாக இருந்தால் லாக்கர் கீழே, எனாமல் மேலே. மாற்றி அடித்தால் எனாமல் சுருங்கிக் கிளம்பும்.

நாட் விமானத்துக்கு வருகிறேன். நல்ல தேர்வு. 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகரில் குண்டு விழுந்துகொண்டிருந்தபோதே நாட் விமானத்தில் ஏறிப் பறந்து, வீழ்ந்து, பரம்வீர் சக்ரா பெற்ற நிர்மல் ஜித் சிங் செகோன் 18-ஆம் ஸ்குவாட்ரன்காரர். விமானப்படையில் அந்த விருது பெற்றவர் அவர் ஒருவரே. அந்த ஸ்குவாட்ரன்தான் 2020 மே மாதம் சூலூரில் தேஜஸ் விமானங்களோடு மறுபடி உயிர்பெற்றது.

ஆனால் ஏர்ஃபிக்ஸின் 1/72 நாட் பெட்டியை அவசரப்பட்டு வாங்காதீர்கள். அது பிரிட்டனின் ரெட் ஏரோஸ் வான்சாகசக் குழு 1965 முதல் 1979 வரை பறந்த இரட்டை இருக்கைப் பயிற்சி விமானம். செகோன் பறந்தது ஒற்றை இருக்கை. மூக்கின் நீளம், கண்ணாடி, இறக்கை எல்லாம் வேறு. இருக்கையை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்ற கணக்கு இங்கே செல்லாது. செக் நாட்டின் ஸ்பெஷல் ஹாபி ஒற்றை இருக்கை நாட் கொடுத்திருக்கிறது, அதைத் தேடுங்கள். அஜித் என்று பெயர் போட்ட பெட்டி வந்தால் தள்ளிவிடுங்கள், அது 1971-க்குப் பின் நாம் மேம்படுத்திய வடிவம். சூலூர் மதிலோரம் கேமராவோடு நின்று படம் எடுக்கும் யோசனை யாருக்காவது இருந்தால் அதையும் கைவிடுங்கள். சட்டத்துக்கு விரோதம், தவிர அங்கே இப்போது நாட் பறப்பதுமில்லை.

1/72-இல் நாட் விமானத்தின் இறக்கை அகலம் ஒன்பதரை சென்டிமீட்டர்கூட இல்லை. வட்டச் சின்னம் சட்டைப் பொத்தான் அளவுதான் வரும்: வெளியே பச்சை, இடையில் வெள்ளை, நடுவே காவி. அந்த வெள்ளை வளையம் அடிநிறத்தைக் காட்டிக்கொடுக்கும் மெல்லிய அச்சாக இருந்தால், ஒட்டும் இடத்தில் முன்கூட்டியே ஒரு வெள்ளைப் புள்ளி அடித்துக்கொள்ளுங்கள். தையில் தொடங்குங்கள், தம்பி. காற்றும் இருக்காது, மழையும் இருக்காது.