கண் பரிசோதனை அட்டையில் விடுபட்டதை இப்போது நிரப்பலாமா?

கேள்வி: நான் ஆப்டோமெட்ரிஸ்ட் (பார்வையைப் பரிசோதித்துக் கண்ணாடி அளவு தருபவர்; மருத்துவர் அல்ல). பாளையங்கோட்டையில் கண்ணாடிக் கடையும் பரிசோதனை அறையும் வைத்திருக்கிறேன். கங்கைகொண்டான் சிப்காட்டில் ஒரு ஆலையில் 430 தொழிலாளர்களுக்குக் கண் பரிசோதனை, ஆளுக்கு ரூ.150 என்று ஒப்பந்தம். வேலை முடிந்து இரண்டு மாதமாகிறது. 61 அட்டைகளில் விவரம் குறைகிறது என்று ரூ.64,500 முழுவதையும் நிறுத்திவிட்டார்கள். 10 சதவீத அபராதமும் பிடிப்பார்களாம். விடுபட்டதை எழுதிக் கொடுத்துவிடலாமா, வக்கீல் ஐயா?

பதில்: பழைய தேதி போட்டு ஓர் எழுத்துகூட எழுதாதீர்கள். இப்போது இது வெறும் பணத் தகராறு. பின்தேதியிட்டு நிரப்பிய அட்டையை நாளை வழக்கில் காட்டினால், பொய்ச் சான்று புனைந்ததாக பாரதிய நியாய சன்ஹிதா (இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 228, 229 பிரிவுகள்வரை போகும். மீதி 369 நல்ல அட்டைகளையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

முதலில் 61 அட்டைகளையும் இரண்டாகப் பிரியுங்கள். உங்களிடம் வேறு ஆதாரம் இருப்பவை ஒரு கட்டு. ஆட்டோ ரெஃப்ராக்டர் (கண் பவரை அளக்கும் இயந்திரம்) தரும் சீட்டு, லென்ஸ் ஆர்டர் புத்தகம், கண்ணாடி பில் இவையெல்லாம் ஆதாரம்தான். உதாரணமாக, அட்டையில் வலது கண் பார்வை 6/36, சிலிண்டர் (சிதறல் பார்வைக்கான பவர்) -0.75 என்று இருக்கிறது, ஆக்சிஸ் (அந்தப் பவர் எந்தக் கோணத்தில் என்பது) எழுதவில்லை. ஆக்சிஸ் இல்லாத சிலிண்டரை வைத்துக் கண்ணாடி செய்ய முடியாது; ஆலை சொல்லும் குறை நியாயமானதே. ஆர்டர் புத்தகத்தில் 90 என்று இருந்தால், அட்டையைத் தொடாமல் தனித்தாளில் இன்றைய தேதியிட்டு, "ஆர்டர் புத்தகம், இன்ன பக்கத்திலிருந்து எடுத்தது" என்று எழுதிக் கையெழுத்திட்டு இணையுங்கள். ஆட்டோ ரெஃப்ராக்டர் சீட்டு வெப்பத்தாள் (சூட்டில் எழுத்து பதியும் தாள்). நம்மூர் வெயிலில் சில மாதத்திலேயே எழுத்து மங்கும். இன்றே ஸ்கேன் எடுத்துவிடுங்கள்.

ஆதாரமே இல்லாதவை இரண்டாவது கட்டு. அவற்றுக்கும் அட்டையைத் தொடாமல் தனித்தாளில் இன்றைய தேதியிட்டு "பதிவு இல்லை" என்று எழுதி, அந்தத் தொழிலாளர்களுக்கு ஷிப்ட் மாறும் நேரத்தில் இலவசமாக மறுபரிசோதனை செய்து தருவதாக எழுத்தில் சொல்லுங்கள். குறையைச் சரிசெய்ய முன்வந்ததற்கு அந்தக் கடிதமே சாட்சி. ஸ்பீடு போஸ்ட்டில் ஒப்புகையோடு அனுப்புங்கள்.

இனி பணம். ஆளுக்கு இவ்வளவு என்று விலை பேசியதால், குறை சொல்லும் 61 பேருக்கான ரூ.9,150 மட்டுமே தகராறில் இருக்கிறது. மீதி ரூ.55,350-ஐப் பிடித்துவைக்க அந்தக் காரணம் போதாது. அபராதம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும், ஒப்பந்தச் சட்டம் 74-ஆம் பிரிவின்படி அது உச்சவரம்புதான். அதற்குள் நியாயமான இழப்பீடு மட்டுமே கேட்கலாம்.

ஒப்பந்தத்துக்கு முன்பே உத்யம் பதிவு (குறு, சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) இருந்தால் உங்கள் கை இன்னும் ஓங்கும். குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் சட்டம் 2006-ன்படி, வேலையை ஒப்படைத்த 15 நாளுக்குள் அவர்கள் எழுத்தில் ஆட்சேபிக்கவில்லை என்றால் ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படும். ஒப்பந்தத்தில் பணம் தரும் கெடு எவ்வளவு நீளமாக இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டுவட்டி. எனவே அவர்களுடைய முதல் எழுத்து ஆட்சேபணையின் தேதியை முதலில் பாருங்கள். போனில் சொன்னது கணக்கில் வராது. வசூலுக்கு, அதே சட்டத்தின்கீழ் பாக்கித் தகராறுகளை விசாரிக்கும் வசதியாக்க மன்றத்தில் மனு கொடுக்கலாம்.

ஒப்பந்தத்தை மறுபடி வாசித்து, கையெழுத்து யாருடையது என்று கேட்டிருக்கிறார்கள் என்றும் பாருங்கள். "கண் மருத்துவர்" என்று இருந்தால் ஆப்டோமெட்ரிஸ்ட் கையெழுத்து போதாது. லாரி ஓட்டுநர்களுக்கு ஃபார்ம் 1ஏ (ஓட்டுநர் உரிமத்துக்கான மருத்துவச் சான்றிதழ்) கேட்டாலும் நீங்கள் போட்டுத் தரக் கூடாது. அது பதிவுபெற்ற மருத்துவருக்குரியது.

கணினியில் வைத்த எக்ஸெல் பட்டியலை இனி திருத்தாமல் ஒரு நகல் எடுத்துவையுங்கள். அதை ஆதாரமாகக் காட்ட, பாரதிய சாட்சிய அதினியம் (இப்போதைய சாட்சியச் சட்டம்) 63-ஆம் பிரிவில் மின்னணுப் பதிவுக்குச் சொல்லியிருக்கும் சான்றிதழ் வேண்டும். ஒப்பந்த வழக்குக்குக் காலவரம்பு 3 ஆண்டு. அதுவரை அட்டைகளும் அசல் சீட்டுகளும் உங்களிடமே இருக்கட்டும், ஆலைக்கு நகல் போதும். ஜிஎஸ்டி பதிவு இருந்தால், பில்களை அந்த ஆண்டின் வருடாந்திரக் கணக்குக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும்.