ஸ்பிரிட்டட் அவே படத்தின் பழைய ஜப்பானிய டிவிடி வாங்கினேன். படம் முழுக்கச் சிவப்பாகத் தெரிகிறது. என் டிவியில் கோளாறா?

உங்கள் டிவியில் ஒரு கோளாறும் இல்லை. மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காசைக் கொடுத்துவிடாதீர்கள். 2002 ஜூலையில் ஜப்பானில் வெளிவந்த அந்த டிவிடியே அப்படித்தான். வட்டிலேயே சிவப்பு ஏறித்தான் வந்தது.

கேள்வியைப் படித்தால், கேபிளை மாற்று, செட்டிங்கை மாற்று, முதலில் கண் டாக்டரைப் பார் என்று யாரோ ஏற்கெனவே உங்களை ஒரு வழி பண்ணியிருப்பது தெரிகிறது. அனேகமாக மச்சானாக இருக்கும், இல்லையென்றால் பக்கத்து வீட்டு இன்ஜினியர். எனக்கு வாய்த்தது அலுவலக சீனியர்.

2001-ல் வேலை விஷயமாக நான் ஜப்பானில் கவாசாகி என்ற ஊரில் இருந்தேன். அந்த ஜூலை 20-ஆம் தேதி ரிலீஸான இந்த ஜப்பானியக் கார்ட்டூன் படம், ஜப்பானில் டைட்டானிக் வைத்திருந்த வசூல் சாதனையையே தாண்டிப் போனது. ஊரே பார்க்கிறது, நாமும் பார்ப்போம் என்று தியேட்டருக்குப் போனேன். எனக்கு அப்போது ஜப்பானிய மொழியில் நன்றி, மன்னிக்கவும், மீன் வேண்டாம் தவிர வேறொன்றும் தெரியாது. சப்டைட்டிலும் கிடையாது. அதனால் முழுப் படத்தையும் கண்ணாலேயே பிடித்துக்கொண்டு போக வேண்டியிருந்தது. யார் என்ன பேசினார்கள் என்பது இன்றைக்கும் எனக்கு இரண்டாம்பட்சம்தான். எந்தக் காட்சி என்ன நிறம் என்று கேளுங்கள், சொல்கிறேன்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், 'எப்போதோ பார்த்த படத்தின் நிறம் உமக்கு எப்படி ஞாபகம் இருக்கும்' என்று பின்னூட்டத்தில் ஒருவர் நிச்சயம் வருவார். ஐயா, எனக்கு அந்தப் படத்தில் ஞாபகம் இருப்பதே அது ஒன்றுதான். அதிலும் வெள்ளை. படம் முழுக்க வெள்ளை வெவ்வேறு ரூபத்தில் வந்துகொண்டே இருக்கும். முகமற்றவன் என்ற ஆவியின் முகமூடி, ஹாகு என்ற பையன் மாறும் டிராகன், அதைத் துரத்தி வரும் காகிதப் பறவைகள், கதாநாயகிச் சிறுமி சிஹிரோவின் பச்சைப் பட்டை போட்ட சட்டை. அப்பா அம்மா பன்றியாகிப்போன பிறகு, செடிகளுக்கு நடுவே உட்கார வைத்து ஹாகு அவளுக்குச் சோற்று உருண்டை கொடுப்பான். வேண்டாம் வேண்டாம் என்றவள் ஒரு வாய் கடிப்பாள், அப்புறம் பெரிய பெரிய துளியாகக் கண்ணீர் கொட்டும், அழுதுகொண்டே தின்பாள். பின்னால் பச்சை, கையில் வெள்ளைச் சோறு. அவ்வளவுதான் அந்தக் காட்சி. படத்தின் வண்ணப் பொறுப்பு மிச்சியோ யாசுதா என்ற அம்மாவுடையது. படத்தின் இயக்குநர் மியாசாகியோடு பல காலம் சேர்ந்து வேலை செய்தவர், 2016-ல் காலமானார். அந்த வெள்ளையெல்லாம் தானாக வந்ததில்லை.

டிவிடி வந்ததும் ஆசையாக வாங்கிக்கொண்டு போய்ப் போட்டேன். அதே சோற்று உருண்டை ரோஸ் மில்க் ஊற்றிப் பிசைந்தது போல இருந்தது. வானம் வாடியிருந்தது. ரயில் போகும் அந்தக் கடல் தண்ணீரில் பழைய குளிர்ச்சி இல்லை.

சீனியரிடம் சொன்னேன். "தம்பி, உன் டிவி ஓட்டை டிவி. ஊருக்குப் போனவன் விட்டுட்டுப் போனதுதானே" என்றார். விட்டுவிட்டுப் போனது உண்மைதான், ஓட்டை என்பது பொய். சரி, அவர் வாய்க்காகப் பார்த்துவிடுவோம் என்று மெனுவுக்குள் போய், புரியாத எழுத்துகளை ஒவ்வொன்றாகத் திருகிப் படத்தை ஒரு வழிக்குக் கொண்டு வந்தேன். சேனலை மாற்றினால் செய்தி வாசிப்பவர் முகம் பச்சையாக இருக்கிறது. திரும்ப எல்லாவற்றையும் பழையபடி வைத்துவிட்டு, வட்டில் எக்ஸ்ட்ராவாகக் கொடுத்திருந்த முன்னோட்டத் துண்டுகளைப் போட்டுப் பார்த்தேன். அதே டிவி, அதே பிளேயர், அதே பெட்டியில் வந்த வட்டு. முன்னோட்டத்தில் வெள்ளை வெள்ளையாகவே இருந்தது! டிவியில் கோளாறு என்றால் அதுவும் சிவந்திருக்க வேண்டுமே. நீங்களும் இதைச் செய்து பாருங்கள், மச்சான் வாயை அடைக்க இதைவிட நல்ல வழி இல்லை.

வாங்கிய கடைக்கே கொண்டு போனேன். பெயர் வேண்டாம், சாதாரண கடைதான். அந்தப் பையன் மிக மரியாதையாக வாங்கி, கடை டிவியிலேயே போட்டுக் காட்டினான். அங்கேயும் சிவப்பு. குனிந்து வணங்கிவிட்டு, பொருளே இப்படித்தான், வேறு வாடிக்கையாளர் யாரும் சொல்லவில்லையே என்றான்.

இந்த 'வேறு யாரும் சொல்லலையே' இருக்கிறதே, இதைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். இப்போது நான் இருக்கும் அடுக்குமாடியில் விடியற்காலை தண்ணீர் மோட்டார் போடுகிறார்கள். அது இருப்பது சரியாக என் படுக்கையறைக்குக் கீழே. கட்டில் அதிர்கிறது. அசோசியேஷனில் சொன்னால் செயலாளர், "வேற எந்த ஃப்ளாட்லயிருந்தும் கம்ப்ளெயின்ட் வரலையே சார்" என்கிறார். எப்படி வரும்? மோட்டார் எல்லார் வீட்டுக்கும் கீழேயா இருக்கிறது? நேரத்தை மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்த கடிதம் என்ன ஆனது என்று கேட்டால், அடுத்த பொதுக்குழுவில் வைப்போம் என்கிறார். மெயின்டனன்ஸ் பாக்கி என்றால் மட்டும் மறுநாளே நோட்டீஸ் போர்டில் பெயர் வந்துவிடும். சரி, அதை விடுங்கள்.

உண்மை என்னவென்றால், அந்த டிவிடி பற்றி வேறு யாரும் சொல்லாமல் இல்லை. ஜப்பானில் வெளியீட்டாளருக்கும் நுகர்வோர் மையங்களுக்கும் புகார்கள் போயின. இது பழுதில்லை, வேண்டுமென்றே செய்த வண்ணச் சீரமைப்புதான் என்பது படத்தை எடுத்த கிப்லி ஸ்டூடியோ தரப்பும் வெளியீட்டாளரும் சொன்ன பதில். சிலர் விடாமல் கியோட்டோவில் வழக்கே போட்டு, கடைசியில் அது சமரசத்தில் முடிந்தது. ஒரு கார்ட்டூன் படத்தின் நிறத்துக்காகக் கோர்ட் படியேறியவர்கள் அவர்கள். நான் கடைப் பையனோடு நின்றுவிட்டேன்.

ஏன் அப்படிச் சீரமைத்தார்கள்? ஸ்டூடியோவில் வெள்ளை நிறத்துக்கான அளவுகோல் 6500 கெல்வின். இந்த எண் கூடக்கூட வெள்ளையில் நீலம் கூடும். ஜப்பானில் அந்தக் காலத்து வீட்டு டிவிகளோ 9300 கெல்வினில் வைக்கப்பட்டிருக்கும், அதாவது வெள்ளையே கொஞ்சம் நீலம் பாய்ந்துதான் தெரியும். அந்த நீலத்தை ஈடுகட்டச் சிவப்பை ஏற்றிவிட்டார்கள் என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். எனக்கும் அது பொருத்தமாகவே படுகிறது. ஆனால் என் டிவியும் ஜப்பானிய டிவிதான், அதிலேயே சிவப்பாகத்தானே தெரிந்தது? மருந்தின் அளவு கூடிவிட்டது என்றுதான் சொல்ல முடியும். அமெரிக்காவில் 2003 ஏப்ரலில் வந்த டிவிடியில் இந்தச் சிவப்பு கிடையாது.

கிப்லி ரசிகர்கள் சண்டைக்கு வர வேண்டாம். நானும் உங்கள் கட்சிதான். 2003 ஜனவரி 24 வெள்ளி இரவு படத்தை முதன்முறையாக டிவியில் போட்டபோது 46.9 சதவீத ரேட்டிங் வந்தது. திங்கட்கிழமை அலுவலகத்தில் எல்லாரும் படத்தைப் பற்றியே பேசினார்கள், நிறத்தைப் பற்றி ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. கண் சீக்கிரம் பழகிவிடும் என்பது நிஜம். கொஞ்ச நேரம் பார்த்தால் சிவப்பே தெரியாது. நடுவில் நிறுத்திவிட்டு வெள்ளைச் சுவரைப் பாருங்கள், சுவர் லேசாகப் பச்சையடிக்கும். அப்போது தெரியும் எவ்வளவு பழகிவிட்டோம் என்று. பழகிவிட்டது என்பதால் சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை.

அப்புறம், இதைவிட மோசமானதும் உண்டு. கிப்லியின் டொட்டோரோ படம் அமெரிக்காவில் 2002-ல் டிவிடியாக வந்தபோது ஓரங்களை வெட்டி, ஜப்பானியக் குரலே இல்லாமல் ஆங்கில டப்பிங்கோடு மட்டும் விட்டார்கள். அவர்களுடைய இன்னொரு படமான இளவரசி மோனோனோகேக்கும் அதே கதி வர இருந்தது. ரசிகர்கள் கூச்சல் போட்டதால் வெளியீட்டைத் தள்ளி வைத்து, 2000 டிசம்பரில் மூலக் குரலையும் சேர்த்தே கொடுத்தார்கள். இருந்தாலும், குரல் இல்லை என்றால் அட்டையைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். நிறம் கெட்டிருப்பதை எந்த அட்டையில் பார்ப்பது?

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். 2014 ஜூலையில் ஜப்பானில் புளூரே வந்தது. அதில் நிறம் ஒழுங்காக இருக்கிறது. சோறு சோறாகத் தெரிகிறது, போதும். வாங்குவதானால் அதை வாங்குங்கள். ஆனால் எந்த நாட்டு பிளேயரில் ஓடும் என்று சொல்லும் மண்டலக் குறியை உறையில் பார்த்து வாங்குங்கள், ஜப்பானும் இந்தியாவும் ஒரே மண்டலம் இல்லை. படம் பார்த்தால் போதும் என்றால் 2020-லிருந்து நம் ஊர் நெட்ஃபிளிக்ஸிலேயே போட ஆரம்பித்துவிட்டார்கள். இப்போதும் இருக்கிறதா என்று ஒரு தடவை தேடிப் பாருங்கள்.

கையில் இருக்கும் சிவப்பு வட்டைத் தூக்கிப் போட வேண்டாம். உறை அழகாக இருக்கும், அலமாரியில் வைக்கலாம். விற்றவரிடம் திருப்பிக் கொடுக்க முடிந்தால் கொடுத்துவிடுங்கள். அவர் உங்கள் டிவியைக் குறை சொன்னால், அவர் கடையிலேயே அந்த முன்னோட்டத்தைப் போடச் சொல்லுங்கள்.