குளிர்கால ஆழத் தூண்டில்: வாங்கமுன் கேட்டவை

கேள்வி: மகன் ஒன்ராறியோவில் இருக்கிறான். கார்த்திகை மாதத்தில் நண்பர்களோடு படகில் போய், ஏரியில் 40 அடி ஆழத்தில் பாஸ் என்ற நன்னீர் மீனைப் பிடிக்கப் பழகுகிறானாம். புரட்டாதியில் ஒரு உறவினர் கனடா போகிறார். றொட் (தூண்டில் தடி), றீல் (நூல் சுற்றும் கருவி), ஈயக்குண்டு எல்லாம் யாழ்ப்பாணத்திலேயே வாங்கிக் கொடுத்துவிடலாமோ? (கோண்டாவில் வாசகர்)

பதில்: வேண்டாம். இங்கே கடைகளில் தொங்குபவை பெரும்பாலும் கடலுக்கென்று வந்த தடித்த றொட்டுகளும் பெரிய றீல்களும். மகனுக்குத் தேவை மெல்லிய சாமான். வரண்டியும் பெரும்பாலும் வாங்கிய நாட்டோடு நின்றுவிடும். காசை அனுப்புங்கள். அந்தக் காசு எதில் போக வேண்டும் என்பதைக் கீழே சொல்கிறோம்.

மீன் என்ன செய்கிறது என்று விளங்கினால் எதை வாங்குவது என்பது தானாக விளங்கும். தண்ணீர் 4 பாகை செல்சியசில்தான் ஆகப் பாரமாக இருக்கும். குளிர் தொடங்க மேல்தண்ணீர் குளிர்ந்து கீழே இறங்கி, ஏரி அடிவரை கலந்துவிடும். அப்போது பாஸ் கரையை விட்டு, அடித்தரை சடாரென்று சரியும் இடங்களின் ஓரத்தில், 25 முதல் 45 அடிவரை ஆழத்தில் கூட்டமாக ஒதுங்கும். குளிரில் உடம்பின் வேகம் குறைவதால் இரையைத் துரத்தி ஓடாது. வாய்க்கு முன்னால் வந்ததை உறிஞ்சிக்கொண்டு அப்படியே நிற்கும். கைக்கு வருவது வெடுக்கென்ற இழுப்பில்லை. நூலில் ஈரத்துணி சிக்கியதுபோல ஒரு சின்னப் பாரம், அவ்வளவுதான். ஆகவே காசின் பெரும்பங்கு அந்தப் பாரத்தைக் கைக்குக் கொண்டுவரும் நூலுக்கும் றொட்டுக்கும் போகட்டும். பெட்டி நிறையப் பொய் இரை வாங்குவதில் கரைய வேண்டாம்.

நூல்: 10 இறாத்தல் பின்னல் நூல், 150 மீற்றர். சாதாரண தங்கூசி இழுபடும். 40 அடி ஆழத்தில் ஓங்கி இழுத்தாலும் பாதி விசை நூல் நீள்வதிலேயே போய்விடும், முள் ஏறாது. பின்னல் நூல் நீளாது. அதன் நுனியில் 8 இறாத்தல் ஃபுளோரோகார்பன் நூல் 6 முதல் 8 அடி சேர்த்துக் கட்ட வேண்டும்; இதைத்தான் லீடர் என்பார்கள். அது தண்ணீரில் எளிதில் தெரியாது, கல்லில் உரசினாலும் தாங்கும். பின்னல் நூலை றீலின் வெறும் உருளையில் சுற்றினால் முழுச் சுற்றும் வழுக்கிச் சுழலும். மீன் ஓடும்போது டிராக் (மீன் இழுக்க நூலை விட்டுக்கொடுக்கும் பிரேக்) பழுது என்று நினைப்பார்கள், பழுது அதில் இருக்காது. முதலில் பத்துப் பன்னிரண்டு சுற்று தங்கூசி சுற்றி அதன்மேல் ஏற்றச் சொல்லுங்கள். காற்று 0 பாகைக்குக் கீழே போனால் பின்னல் நூல் தண்ணீரை உறிஞ்சி வளையங்களில் பனிக்கட்டியாக உறையும். அப்படியான நாட்களுக்கு ஃபுளோரோகார்பன் மட்டும் சுற்றிய இரண்டாவது உருளை ஒன்று இருந்தால் நல்லது. உதிரி உருளையோடு வரும் றீலாகப் பார்த்து வாங்கினால் இந்தச் செலவு மிச்சமாகும்.

றொட்: 7 அடி, நடுத்தரத்துக்குச் சற்று மெல்லியது, நுனி மட்டும் வளைவது. கைபிடிக்கு மேலே எழுதியிருக்கும் இரை எடையை அவன் பார்க்க வேண்டும். 1/4 முதல் 5/8 அவுன்ஸ், அதாவது சுமார் 7 முதல் 18 கிராம், அந்த எல்லைக்குள் இருக்க வேண்டும். றீல் 2500 அல்லது 3000 அளவு. கடையில் பந்து வளையம் (போல் பெயரிங்) எத்தனை என்று எண்ண வேண்டாம். நூலைக் கட்டி டிராக்கை இளக்கி, மெல்ல இழுத்துப் பார்க்கட்டும். தொடக்கத்தில் ஒரு கணம் பிடித்து, பிறகு துள்ளி ஓடினால் அந்த றீல் வேண்டாம். குளிரில் கிறீஸ் தடிக்கும்போது அந்தப் பிடி இன்னும் மோசமாகி, மெல்லிய லீடர் அறும்.

இரை இரண்டு வகை போதும். ஒன்று, வயிற்றுப் பக்கம் ஈயம் ஊற்றிய மெல்லிய உலோகத் தகடு, 1/2 அவுன்ஸ். அங்கே பிளேட் பெயிட் என்று கேட்டால் கொடுப்பார்கள். அடியில் விட்டு, தகடு கையில் நடுங்குவது தெரியும்வரை மட்டும், ஏறக்குறைய ஒரு அடி, உயர்த்தி மறுபடி விழவிட வேண்டும். மீன் இரையைக் கவ்வுவது அது விழும்போதுதான். புதியவர்கள் மூன்றடிக்குத் தூக்குவார்கள். குளிர்ந்த மீன் அவ்வளவு தூரம் பின்னால் வராது. மற்றது டிரொப் ஷொட்: முள்ளை நூலின் நடுவில் கட்டி, 12 முதல் 18 அங்குலம் கீழே 1/4 அல்லது 3/8 அவுன்ஸ் எடை. குண்டு தரையில் நிற்க, இரை மீனின் கண்மட்டத்தில் மிதக்கும்.

ஈயக்குண்டு ஒன்றுகூட அனுப்பாதீர்கள். கனடாவின் தேசியப் பூங்காக்களிலும் தேசிய வனவிலங்குப் பகுதிகளிலும் 50 கிராமுக்குக் குறைந்த ஈயக்குண்டைப் பாவிப்பது மட்டுமல்ல, வைத்திருப்பதே சட்டவிரோதம். டங்ஸ்டன் வாங்கட்டும். விலை கூட; ஆனால் ஈயத்தை விட அடர்த்தி ஏறக்குறைய 1.7 மடங்கு என்பதால் குண்டு சிறிது, அடித்தரை கல்லா சேறா என்பதும் கையில் தெளிவாகத் தெரியும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னர் அவன் வாங்க வேண்டியது ஒன்று உண்டு: உடம்பில் போட்டபடியே தூண்டில் போடக்கூடிய மிதவை அங்கி. அந்தக் குளிர்நீரில் விழுந்தால் முதல் 1 நிமிடம் மூச்சு அடங்காது, சுமார் 10 நிமிடத்தில் கைகால் வேலை செய்யாமல் போகும். நன்றாக நீந்துபவனுக்கும் அப்படித்தான். காசு இறுக்கமென்றால் றீலின் விலையைக் குறைக்கட்டும், இதில் குறைக்க வேண்டாம். மீன்பிடி அனுமதியும் வேண்டும். பாஸ் பருவம் மூடும் நாள் வலயத்துக்கு வலயம் வேறு. 30 அடிக்குக் கீழிருந்து தூக்கிய மீனின் காற்றுப்பை வீங்கிவிடும், விட்டாலும் பல மீன்கள் வயிறு மேலாக மிதக்கும். உண்பதற்கில்லை என்றால் அந்த ஆழத்தில் பிடிப்பதை அவன் நிறுத்துவது நல்லது.

கேள்வி: கனடாவில் இருக்கும் அண்ணாவுக்கு நாங்கள் சகோதரர் சேர்ந்து மீன் காட்டும் கருவி ஒன்று பரிசளிக்கப் போகிறோம். இணையத்தில் பார்த்ததில் 1000 அடி ஆழம் காட்டும் என்று போட்டிருக்கிறது. வாங்கலாமா? (திருநெல்வேலி)

பதில்: 40 அடி ஏரிக்கு 1000 அடி என்ற கணக்கு உதவாது. திரையில் மேலிருந்து கீழாக எத்தனை புள்ளி என்று பாருங்கள். 480 புள்ளி இருந்தால் 40 அடி ஆழத்தில் ஒரு புள்ளிக்கு 1 அங்குலம். 240 என்றால் 2 அங்குலம். தரையோடு ஒட்டிக் கிடக்கும் மீனைத் தரையிலிருந்து பிரித்துக் காட்ட இந்த வித்தியாசம் பெரிது. கருவி தண்ணீருக்குள் அனுப்பும் ஒலிக்கற்றையின் அகலத்தையும் கேளுங்கள். 20 பாகைக் கற்றை 40 அடியில் சுமார் 14 அடி விட்டமுள்ள வட்டத்தைத்தான் பார்க்கும். திரையில் தெரியும் மீன் படகுக்கு நேர்கீழே இருக்க வேண்டுமென்றில்லை.

ஏரியின் ஆழக்கோட்டு வரைபடம் உள்ளதாக எடுங்கள், சரிவைத் தேடுவதற்கு அதுதான் உதவும். வரைபடம் விற்கும் பிராந்தியத்துக்கு ஏற்ப மாறும். இங்கிருந்தோ வேறு ஆசிய நாட்டுக் கடையிலிருந்தோ எடுத்த கருவியில் கனடா ஏரிகள் இல்லாமல் போகலாம். அண்ணாவின் முகவரிக்கே அந்த நாட்டுக் கடையில் ஓடர் கொடுங்கள். பற்றரி லித்தியம் அயன் பொஸ்பேற் என்றால் 0 பாகைக்குக் கீழே சார்ஜ் ஏற்றக்கூடாது, வீட்டுக்குள் வைத்து ஏற்றச் சொல்லுங்கள்.

கேள்வி: அத்தான் கனடாவிலிருந்து கொண்டுவந்த பாஸ் றொட்டையும் றீலையும் எனக்கே விட்டுவிட்டுப் போய்விட்டார். பண்ணைப் பாலத்தில் கொடுவாய்க்குப் போடலாமா? (குருநகர்)

பதில்: போடலாம், லீடரை மாற்றினால். கொடுவாயையும் ஆங்கிலத்தில் பாஸ் என்றுதான் சொல்வார்கள், ஆனால் அது வேறு இனம். அதன் செவுள்மூடியின் ஓரம் கத்திபோல. 8 இறாத்தல் லீடரை ஒரே உதறலில் அறுத்துவிடும். 30 முதல் 40 இறாத்தல் லீடர் இரண்டடி கட்டுங்கள். நன்னீருக்கு வந்த முட்கள் உப்பில் ஓரிரு நாளில் துருவேறும், அவற்றையும் மாற்றுங்கள். நமது களப்பு ஆழமில்லாதது. இரணைமடு நிரம்பி 36 அடி நின்றாலும் தண்ணீர் குளிராது. ஆகவே அந்தக் குளிர்கால முறையை இங்கே தேட வேண்டாம்.

கெடப்போவது றீல்தான். வீட்டுக்கு வந்ததும் டிராக்கை இறுக்கி, நல்ல தண்ணீரை மெல்ல ஊற்றிக் கழுவுங்கள். பைப்பை அழுத்திப் பீச்சினால் உப்பு உள்ளே போய்விடும். துடைத்துவிட்டு டிராக்கை இளக்கி வையுங்கள். நூல் திரும்பும் சின்ன உருளை சுழல்கிறதா என்று விரலால் பார்த்து ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். முதலில் இறுகுவது அதுதான்.

கேள்வி: 30 இறாத்தல் என்று எழுதிய பின்னல் நூல் வாங்கினேன். சின்ன மீனுக்கே அறுகிறது. கடைக்காரர் முடிச்சுப் பிழை என்கிறார். (சாவகச்சேரி)

பதில்: இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம், சோதித்துப் பாருங்கள். நூலை ஒரு பென்சிலில் இடைவெளியின்றி 20 சுற்றுச் சுற்றி அகலத்தை அளவுகோலில் பாருங்கள். 4 மில்லிமீற்றர் வந்தால் நூலின் தடிப்பு 0.20. மட்டையில் 0.10 என்று போட்டு 30 இறாத்தல் என்றும் போட்டிருந்தால் நம்ப வேண்டாம். பிறகு பலம்: நூலின் ஒரு முனையை வழுவழுப்பான தடியிலும் மற்றதை வாளியின் கைபிடியிலும் முடிச்சுக்கு முன் பத்துச் சுற்றுச் சுற்றிக் கட்டுங்கள். அப்போது முடிச்சில் பாரம் விழாது. 30 இறாத்தல் என்பது 13.6 கிலோ. வாளியின் எடையைக் கழித்து, லீற்றருக்கு ஒரு கிலோவாகத் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். இப்படி மூன்று துண்டு நூலைச் சோதித்து, மூன்றும் 7, 8 லீற்றரிலேயே அறுந்தால் பிழை நூலில்.

பின்னல் நூலின் நிறம் கழருவது குறையில்லை, அதைச் சொல்லிச் சண்டை பிடிக்க வேண்டாம். பலம் குறைந்ததென்றால் முதலில் கடையிலேயே மாற்றித் தரக் கேளுங்கள். மறுத்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைக்கலாம். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் முறைப்பாட்டை எழுத்தில், வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். பில் கேட்டால் கடைக்காரர் கொடுத்தே ஆகவேண்டும் என்பதும் அதே சட்டத்தில் உண்டு. பில்லோடு நூல் சுற்றி வந்த மட்டையையும், அறுந்த துண்டுகளையும், சுற்றில் மீதமுள்ள நூலையும் எறியாமல் ஒரே பையில் போட்டு வையுங்கள்.